பச்சை பாயிண்ட்டும் பத்தாவது வரியும்

1

முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் கற்பனையில் உதித்ததெல்லாம் இல்லை. ஒரு துண்டுக் காகிதத்தில் இடம் போதாமல் போனதால் வந்த வினை.

பீன்யா தொழிற்பேட்டையில் ஸ்பைக் பஸ்டர் போர்டு செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். பேரைக் கேட்காதீர்கள், நாளைக்கும் நான் அங்கே போயாக வேண்டும். கரண்ட் திடீரென்று ஏறினால் எங்கள் போர்டு தாங்கிக்கொள்ளும். அதோடு கரண்டை மிச்சமும் பிடிக்கும். ஒரு சிவப்பு பாயிண்ட், மூன்று பச்சை பாயிண்ட். சிவப்பில் டீவியைச் சொருகுங்கள். பச்சையில் செட்டாப் பாக்ஸ், ஸ்பீக்கர், எது வேண்டுமானாலும். ரிமோட்டில் டீவியை அணைத்தால் போதும், பச்சையில் இருப்பதையெல்லாம் போர்டு தானே அணைத்துவிடும். எத்தனை வாட் ஓடுகிறது என்று காட்ட ஒரு குட்டித் திரையும் உண்டு. நல்ல பொருள்தான், குறை சொல்ல மாட்டேன்.

பெட்டிக்குள் கையகலத்துக்கு ஒரு விவரக் காகிதம் வைப்போம். நாலு மொழி. தமிழ் என் தலையில், ஆபீஸில் தமிழ் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். மற்ற மூன்றும் பத்து வரியில் அடங்கிவிட்டன. தமிழ் அடங்கவில்லை. நம் வார்த்தைகளின் நீளம் உங்களுக்குத் தெரியாததா? எழுத்தைச் சின்னதாக்கினேன், அப்படியும் ஒரு வரி வெளியே நின்றது. அச்சகத்துக்காரன் போன் மேல் போன். எரிச்சலில் பத்தாவது வரியைத் தூக்கிவிட்டேன்.

அந்த வரி இது: ‘மூச்சுக்கு உதவும் மிஷின்களைப் பச்சை பாயிண்ட்டில் சொருகக் கூடாது.’

யார் அப்படிச் சொருகப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

2

எப்படி ஆரம்பிப்பது என்று நாலு நாள் முட்டிக்கொண்டேன்.

முதல் ஆரம்பம்: ‘ஸ்ரீராம்புரத்தின் நெருக்கமான சந்தொன்றில் கிருஷ்ணப்பா தன் கடைசி மூச்சை’

அடித்துவிட்டேன். கண்ணால் பார்க்காத மனுஷனின் கடைசி மூச்சை வர்ணிக்க எனக்கு என்ன அருகதை?

இரண்டாவது: ‘கிருஷ்ணப்பா முப்பது வருஷம் வண்டிகளுக்கு ஸ்ப்ரே பெயிண்ட் அடித்து நுரையீரலைக் கெடுத்துக்கொண்டவர். முன்கோபி. பெண்டாட்டியை வாட்டி வதைத்தவர்.’

[முதல் வாக்கியம் நிஜம். மற்றது நான் சேர்த்தது. அவர் செத்தது உங்களுக்கு அவ்வளவாக உறைக்கக் கூடாது என்று சேர்த்தேன். சீ, இதுவும் ஒரு பிழைப்பா?]

மூன்றாவதாக, நடந்ததை நடந்தபடி.

3

அந்தக் காகிதத்தின் அடியில் தமிழில் பேச என்று என் நம்பர் இருக்கும். ஒருநாள் சரசு என்று ஒரு அம்மா கூப்பிட்டார்.

“போர்டு கொதிக்குது மேடம். கை வெக்க முடியல.”

“உடனே ஆஃப் பண்ணிடுங்க.”

“அது மட்டும் முடியாது.”

மறுநாள் காலை பதினோரு மணிக்கு எங்கள் சர்வீஸ் ஆள் அலெக்சாண்டரைக் கூட்டிக்கொண்டு போனேன். ஒற்றை அறை. டீவி ஓடிக்கொண்டிருந்தது, சத்தமே இல்லாமல். யாரோ வாயசைத்துக்கொண்டே கத்திரிக்காய் வதக்கினார்கள். டீவிக்குப் பக்கத்தில் ஒரு காலிக் கட்டில், விரிப்பு மட்டும் கசங்காமல் போட்டிருந்தது.

“சவுண்ட வெச்சா அவர் மூச்சு கேக்காது,” என்றார் சரசக்கா. காபி வேணுமா என்று கேட்கிற அதே குரலில்.

அவர் சொன்னதைச் சுருக்கித் தருகிறேன். வீட்டுக்காரர் கிருஷ்ணப்பாவுக்கு ஆக்சிஜன் மிஷின், வாடகைக்கு எடுத்தது. அந்தச் சந்தில் கரண்ட் ஏறி இறங்கும், மிஷின் கெட்டுவிடுமோ என்று பயந்து ஒரு காலையில் எங்கள் போர்டை வாங்கியிருக்கிறார். டீவி சிவப்பில். மிஷின் பச்சையில். “பச்சைன்னா சேஃப்னு நெனச்சேன் கண்ணு.” மத்தியானம் வீட்டுக்காரர் கண்ணயர்ந்திருக்கிறார். தூக்கம் கலையக் கூடாதே என்று சரசக்கா டீவியை அணைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனார். கரண்ட் நின்றால் மிஷின் கத்த வேண்டும். அதன் உள் பேட்டரி செத்துக் கிடந்தது பிறகுதான் தெரிந்ததாம். குடத்தோடு திரும்பி வந்தபோது வீடு ரொம்ப அமைதியாக இருந்தது.

“மிஷின அவங்க எடுத்துட்டுப் போயிட்டாங்க. மூணாம் நாள் சும்னே, சும்மாதான், டீவிய போட்டேன். மூச்சு கேட்டுச்சு. அதுக்கப்புறம் அணைக்கவே இல்ல. நாப்பத்தோரு நாளாச்சு.”

அலெக்சாண்டர் குனிந்து பார்த்தார். மூன்று பச்சை பாயிண்ட்டும் காலி. திரையில், பச்சை: 340 வாட்.*

“லீக்கேஜா இருக்கும் மேடம்,” என்றார். குரல் அவருடையதாக இல்லை.

“மிஷின்ல ஒட்டியிருந்த நம்பரும் அதான்,” என்றார் சரசக்கா.

எனக்கு மூச்சு கேட்டதா என்றுதானே கேட்கிறீர்கள்? இந்த இடத்தில் எழுத்தாளர்கள் மழுப்புவார்கள். நான் மழுப்பவில்லை. கேட்டது. கட்டில் பக்கமிருந்து இழுத்து, நின்று, பிறகு விட்டது.

* காலி பாயிண்ட்டில் கரண்ட் ஓடாது. பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியும். இந்த அடிக்குறிப்பை என் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். என்னிடமும் அதே போர்டு. டீவி அணைந்திருக்கிறது, பச்சை பாயிண்ட்டின் விளக்கு எரிகிறது. எழுந்து போய்ப் பார்க்க மாட்டேன்.

4

இந்தப் பகுதியை ஆறு தடவை எழுதி ஆறு தடவையும் விட்டுவிட்டேன்.

சரசக்கா டாக்டர் சீட்டுகளுக்கு நடுவிலிருந்து எங்கள் காகிதத்தை உருவினார். கண்ணில் புரை, என் குட்டி எழுத்து அவருக்கு எறும்பு ஊர்வது மாதிரி.

“படிச்சுச் சொல்லு கண்ணு. மூச்சு மிஷின அதுல போடாதன்னு இதுல எழுதியிருக்குதா? எழுதியிருந்தும் நான்தான் பாக்காம விட்டுட்டேனா?”

அலெக்சாண்டர் என்னையே பார்த்தார். நான் படித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. வேலை போய்விடும், கேஸ் வரும், பேர் நாறும் என்று ஒவ்வொரு வரிக்கும் ஒரு பயம். ஒன்பது முடிந்தது. நிறுத்தியிருக்கலாம்.

நான் [

நான் நிறுத்தவில்லை. காகிதத்தில் இல்லாத பத்தாவது வரியை, இருக்கிற மாதிரியே விரலை ஓட்டி வாசித்தேன். மனப்பாடமாகத் தெரியுமே, என் சொந்த வரியாயிற்றே.

சரசக்கா அழவில்லை. மெல்லத் தலையாட்டினார். “அப்ப இருந்துச்சு. நான்தான் கொன்னுட்டேன்,” என்றார். கட்டில் பக்கம் திரும்பி, “கேட்டியா?” என்றார்.

5

இனி முடிவு. மூன்று எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: நான் உண்மையைச் சொல்கிறேன், அவர் என்னைக் கட்டிக்கொண்டு அழுகிறார், டீவி அணைகிறது. எழுதி முடித்து வாசித்தேன், எனக்கே குமட்டியது. அந்த அழுகைக்கு நான் என்ன செய்துவிட்டேன்?

இரண்டாவது: அலெக்சாண்டர் ஸ்விட்சை அணைத்துவிட்டு வேறு போர்டு மாட்டுகிறார். நிஜத்தில் அவரிடம் அணைக்கச் சொன்னேன், பின்வாங்கினார். “பேடா மேடம், வேணாம். அணைச்சா மூச்சு நிக்கும். எங்கையால அது வேணாம். எனக்கும் புள்ளைங்க இருக்குது.” வெளியே போய்ச் சந்தில் நின்றுகொண்டார்.

மூன்றாவது: சூடு ஏறி ஏறி போர்டு தீப்பிடிக்கிறது. ஒற்றை அறை, சரசக்கா, காகிதம், எல்லாம் சாம்பல். இதை அரைப் பக்கம் எழுதினேன். எழுதி முடித்ததும் மனசு லேசானது. ஏன் என்று யோசித்தேன். இந்த முடிவில் அந்த வரியைப் பற்றி யாருக்குமே தெரியப்போவதில்லை. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு ரொம்ப நேரம் கையைக் கழுவினேன்.

6

இங்கேயே நிறுத்திவிடலாம் என்றிருந்தேன். இன்று காலை சரசக்காவின் போன்.

“பக்கத்து வீட்டு ஸ்னேஹா போன்ல படம் புடிச்சு, பெருசு பண்ணிப் படிச்சா. ஒம்பது வரிதான் இருக்குதுங்குறா கண்ணு.”

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

“சின்னப் பொண்ணு, அவளுக்குத் தமிழ் தடுமாறும். நீ படிச்சவ. ஒரு நடை வந்து, அந்தப் பத்தாவது வரி எங்க இருக்குதுன்னு வெரல் வெச்சுக் காட்டிட்டுப் போ. போர்டு இப்ப உருகற வாசனை அடிக்குது. நீ காட்டிட்டா நான் அணைச்சுடறேன்.”

“அக்கா, மொதல்ல அதை அணைங்க. கால்ல விழறேன். எதுவா இருந்தாலும் அப்புறம் பேசலாம்.”

“எனக்குன்னா நீ சொன்னதே போதும் கண்ணு,” என்றார். “அவர்தான் கேக்கறாரு.”

பிறகு போனை எதன் பக்கத்திலோ கொண்டுபோனார். நான் கேட்டேன். இழுத்து, நின்று. விடவில்லை. என் பதிலுக்காகப் பிடித்துவைத்த மாதிரி அப்படியே நின்றது.

ஆட்டோ பிடித்து வந்துவிட்டேன். இதை அவர் வாசலில், செருப்பைக்கூடக் கழற்றாமல், போனில் தட்டிக்கொண்டிருக்கிறேன். கதவு திறந்திருக்கிறது. பிளாஸ்டிக் கருகுகிற நாற்றம் சந்து வரைக்கும் வருகிறது. சரசக்கா என்னைப் பார்த்துவிட்டார், காகிதத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஒன்பதாவது வரிக்குக் கீழே என் நம்பர் மட்டும்.

நான் உள்ளே போகிறேன். இதற்கு மேல் எழுதப் போவதில்லை, எழுதினால் மறுபடியும் பொய் சொல்வேன். நீங்கள் என் இடத்தில் வந்து நில்லுங்கள். சரசக்கா உங்கள் விரலைப் பிடித்துக் காகிதத்தின் பக்கம் இழுக்கிறார். எங்கே வைப்பீர்கள்?