மாதவிக்கு வராத அவசரம்

ஆயா நின்றுபோன பிறகு மாதவி கணவரை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிவிட்டுத்தான் கல்கத்தாவின் பெஹாலாவிலிருந்து வேலைக்குப் போனாள். துறைமுகத்தில் அதிகாரியாக இருந்த விஸ்வநாதனுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போயிருந்தன. சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பார். இரவெல்லாம் அரற்றுவார். அவள் சரியாகத் தூங்கி மாதங்கள் ஆகியிருந்தன.

டல்ஹௌசியில் இருந்த இன்ஷூரன்ஸ் ஆபீசில் அவள் கணக்குகளில் தப்பு விழ ஆரம்பித்தது. வீட்டுக்குப் பக்கத்துக் கிளைக்கு மாற்றல் கேட்டாள்.

"எல்லார் ஆத்துலயும் கஷ்டம் இருக்கு மாதவி" என்றார் மானேஜர் மஹாதேவன். "அதை ஆபீசுக்குத் தூக்கிண்டு வரப்படாது."

ஆடி மாத மழையில் தெருவெல்லாம் தண்ணீர் நின்ற ஒரு மத்தியானம், சோற்று டப்பாவைத் திறந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பக்கத்து மேஜை நீலாவதி, கல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்த பெண், எட்டிப் பார்த்தாள்.

"கீ ஹோலோ, மாதவி தீதி? என்ன ஆச்சு?"

"சிலிண்டரை மூடாம வந்துட்டேன். அவர் அடுப்பைத் திருகுவார்."

"ஐயோ! கிளம்புங்க, டாக்ஸி பிடிக்கலாம்."

மாதவி எழுந்திருக்கவில்லை.

"காலம்பற பஸ்லயே ஞாபகம் வந்துடுத்து நீலா. இறங்கலை. இப்பவும் போகணும்னு அவசரமே வரலை." குரல் சமையல் குறிப்பு சொல்வது போல் இருந்தது. "அதான் பயமா இருக்கு."

நீலாவதி அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கினாள். டாக்ஸி தண்ணீரில் ஊர்ந்தது. மாதவி வழி முழுதும் வெளியே மழையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதவைத் திறந்ததும் காஸ் வாடை முகத்தில் அடித்தது. சமையலறைத் தரையில் விஸ்வநாதன் உட்கார்ந்திருந்தார். அவரைச் சுற்றிலும் முறிந்த தீக்குச்சிகள். இடது கையால் அடுத்த குச்சியை உரசிக்கொண்டிருந்தார். பிடிக்க ஆளில்லாத பெட்டி ஒவ்வொரு தடவையும் வழுக்கி நகர்ந்தது.

நீலாவதி பாய்ந்து குச்சியைப் பறித்தாள். சிலிண்டரை மூடி, ஜன்னல்களைத் திறந்தாள். விஸ்வநாதன் மனைவியைப் பார்த்துச் சிரித்தார்.

"கா...பி" என்றார்.

மாதவி வாசற்படியைத் தாண்டவே இல்லை. அங்கேயே மடங்கி உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

மறுநாள் நீலாவதி மானேஜர் அறைக்குப் போனாள். "சார், அவங்க கஷ்டத்தைத் தூக்கிட்டு வரலை. நேத்து அதை வீட்டுல விட்டுட்டு வந்தாங்க. என்ன நடக்க இருந்ததுன்னு சொல்றேன், கேளுங்க."

கேட்டு முடித்ததும் மஹாதேவன் மாற்றலுக்குப் பரிந்துரை எழுதினார். உத்தரவு துர்கா பூஜை லீவுக்குப் பிறகுதான் வரும். அதுவரை மத்தியானத்தோடு அவள் போகட்டும் என்றார். மிச்ச வேலையை நீலாவதியும் மற்றவர்களும் பங்குபோட்டுக்கொண்டார்கள். புது ஆயா ஒருத்தியும் கிடைத்தாள்.

கரியாஹாட்டில் ஒரு மனநல டாக்டரிடம் நீலாவதியே கூட்டிப்போனாள். தமிழ்க்காரர். பொறுமையாகக் கேட்டார்.

"இப்போ தூக்கம் வரதா?"

"கொஞ்சம் வரது."

"அவர் போயிட்டா தேவலைங்கற அந்த நினைப்பு?"

வெளியே பெஞ்சில் நீலாவதியின் குரல் கேட்டது. மாதவி கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"வரது" என்றாள்.