அறிவித்தவர்: கம்ப்யூட்டர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த நாடகத்தை எழுதியது பிலோமின்ராஜ், கெடுத்தது நான்.

எங்கள் தென்னூர்ப் பங்குத் திருவிழாவுக்கு இளைஞர் மன்றம் வருஷா வருஷம் நாடகம் போடும். வழக்கமாக யாராவது ஒரு வேதசாட்சியின் தலையை வெட்டுவார்கள். 1986 மே மாதம் மன்றத் தலைவன் பிலோமின்ராஜுக்குப் புத்தி தெளிந்ததோ கலங்கியதோ, ‘கி.பி. 2086-ல் சாமானியர் வீட்டில் கம்ப்யூட்டர்’ என்று தலைப்பு வைத்துவிட்டான். மன்றத்தில் ஒருத்தர்கூடக் கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்ததில்லை. பத்திரிகையிலிருந்து வெட்டிய ஒரு படம் மட்டும் இருந்தது. அதில் ஒரு டி.வி.யும் ஒரு டைப்ரைட்டரும் ஒட்டிப் பிறந்த மாதிரி உட்கார்ந்திருந்தன.

நான் ஒரு ஆபீஸில் டைப்பிஸ்ட். பிலோமின் எதிர்வீட்டுப் பையன், என்னைவிட மூன்று வயது சின்னவன். வசனத்தை டைப் அடிக்க என்னிடம்தான் கொண்டுவந்தான். படித்துப் பார்த்தேன். 2086-ல் குடும்பத்தலைவர் கம்ப்யூட்டரிடம் நிலாவுக்கு வழி கேட்கிறார். குடும்பத்தலைவி ரசத்தில் வைட்டமின் எவ்வளவு என்று கணக்குப் போடச் சொல்கிறாள்.

“ஏன்டா பிலோமின், நம்ம சனங்க நிலாவுக்கா வழி கேக்கும்? எதுத்த வீட்டுல என்ன குழம்புன்னு கேக்கும். யாரு பொண்ணு யாரோட பஸ்ஸுல போச்சுன்னு கேக்கும். காலையில எந்திரிச்சதும் ஊர்ல இருக்குற அத்தனை பேருக்கும் ஒரு ரோஜாப்பூ படத்தை அனுப்பி ஸ்தோத்திரம் சொல்லும்.”

“ரோஜாப்பூவா? அதுக்கா அக்கா, அம்மாம் பெரிய மெஷினு?”

“நூறு வருசத்துல மெஷினு மாறும்டா. சனங்க எங்க மாறப்போறாங்க?”

வெட்கமே இல்லாமல் அத்தனையையும் எழுதிக்கொண்டான்.

அப்போது நான் இருந்த எரிச்சலுக்கு யார் வந்தாலும் அப்படித்தான் பேசியிருப்பேன். எங்கள் ஆபீஸுக்கு நிஜமாகவே ஒரு கம்ப்யூட்டர் வருவதாக இருந்தது. அதைப் பழக மெட்ராஸில் ஆறு மாசம் டிரெயினிங். பதினோரு டைப்பிஸ்டில் என்னைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். சம்மதமா இல்லையா என்று திங்கட்கிழமைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அதே நேரத்தில்தான் எனக்குக் கல்யாணமும் கூடிவந்தது. மாப்பிள்ளை தைரியராஜ். வீடு உறையூர், வேலை ஸ்ரீரங்கம் தபால் ஆபீஸ் கவுண்டரில்.

“மாப்பிள வீட்டுல டிரெயினிங்கு, மெட்ராஸு அதெல்லாம் வேண்டாங்குறாங்க ராணி” என்றார் அப்பா. என் அம்மா இல்லாத வீட்டில் சமையல் நான், சத்தம் நான், முடிவு மட்டும் அப்பா. மறுப்புக் கடிதத்தை அவர் சொல்லச் சொல்ல நானே டைப் அடித்தேன். ஒரு தப்பில்லை. எனக்குக் கோபம் வந்தால் டைப்பிங்கில் தப்பே வராது. திங்கட்கிழமை தானே ஆபீஸில் கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொல்லி அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

எங்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோவிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், விக்கினம் ஏதாவது தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்று சாமியார் பூசையில் அறிவிப்பார். எனக்கு இரண்டு ஓலை ஆகிவிட்டது. மூன்றாவதும் ஆகிவிட்டால் கதை முடிந்தது. அதற்குள் அந்த தைரியராஜிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்று எனக்கு வெறியே பிடித்திருந்தது. ‘என் வேலை உங்களை என்னய்யா செஞ்சுச்சு?’

ஒருநாள் மத்தியானம் ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போய், தபால் ஆபீஸ் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு அய்யங்கார் மாமா மணியார்டர் பாரத்தில் பெருமாள் பெயரை அடித்து அடித்து எழுதிக்கொண்டிருந்தார். அவர் நகர்ந்தார். கவுண்டருக்குள் தைரியராஜ் குனிந்தபடி, “என்ன வேணுங்க?” என்றார். பெயரில்தான் அவருக்குத் தைரியம், எனக்கு அதுகூட இல்லை.

“ரெண்டு இன்லண்ட் லெட்டர்” என்றேன். வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். தூ!

ஓலை வாசித்த பெண் மேடை ஏறக்கூடாது என்று ஒரு சட்டம். எந்தப் புண்ணியவான் போட்டதோ. அதனால் பிலோமின் என்னைக் கம்ப்யூட்டராக்கினான். பெரியகடை வீதியிலிருந்து ஒரு ஃபிரிட்ஜ் அட்டைப்பெட்டி கொண்டுவந்து, முன்பக்கம் டி.வி. மாதிரி வெட்டி, நீலக் கண்ணாடித்தாள் ஒட்டி, சுற்றிலும் கிறிஸ்துமஸ் பல்புச் சரம் கட்டினான். உள்ளே ஒரு முக்காலி, ஒரு மைக், நான். திருச்சி மே மாச வெயிலில் சாயங்காலமும் அந்தப் பெட்டிக்குள் இட்லி வேகும்.

சனிக்கிழமை ஆறரைக்கு நாடகம் ஆரம்பித்தது. சேலை கட்டிக் குடும்பத்தலைவியாக வந்த பிலோமின், “கம்ப்யூட்டரே, எதுத்த வீட்டு இருதயமேரி இன்னைக்கு என்ன சமையல்?” என்றான்.

“ஆட்டுக்கறிக் குழம்பு” என்றேன் மூக்கால். “இன்று வெள்ளிக்கிழமை, சுத்தபோசனம், கறி ஆகாது. விவரம் பிஷப் மேத்ராணியாருக்கு அனுப்பப்பட்டுவிட்டது.”

பந்தல் அதிர்ந்தது. அடுத்து அவன் வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் பாவசங்கீர்த்தனம் செய்தான். “போன மாசம் சொன்ன அதே பாவங்கள். கார்பன் காப்பி எடுத்துக்கொள்ளலாமா?” என்று கேட்டேன். முதல் வரிசையில் சாமியாரே வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். பக்கத்தில் என் அப்பா தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அவருக்கு அந்தப் பக்கம் தைரியராஜும் அவர் அம்மா ரோசம்மாளும். தைரியராஜ் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அட்டைப்பெட்டிக் கம்ப்யூட்டருக்கு இந்தச் சிரிப்பு சிரிக்கிற ஆளுக்கு, நான் நிஜக் கம்ப்யூட்டர் தொட்டால் மட்டும் ஆகாதாமா?

கடைசிக் காட்சியில் கம்ப்யூட்டர் ஓலை வாசிக்க வேண்டும். எலக்ட்ரான்ராஜுக்கும் ரோபோமேரிக்கும் கல்யாணம் என்று வசனம். காகிதம் கையில் இருந்தது. அதில் இருந்த எழுத்து என் கண்ணுக்குத் தெரியவில்லை. சாமியாரின் ராகத்திலேயே இழுத்து வாசித்தேன்.

“தென்னூரில் இருக்கும் இன்னாசிராஜ் மகள் லூர்துராணிக்கும், உறையூரில் இருக்கும் ரோசம்மாள் மகன் தைரியராஜுக்கும் மெய்விவாகம் நடக்க இருக்கிறது. விக்கினம் ஏதாவது அறிந்தவர்கள் அறிவிக்கக் கடவார்கள். விக்கினம் உண்டு! அறிவிப்பது கம்ப்யூட்டர். பெண்ணுக்கு மெட்ராஸில் ஆறு மாதம் டிரெயினிங் கிடைத்திருக்கிறது. மாப்பிள்ளை அனுப்ப மாட்டாராம். ஏன் என்று கேட்கிறேன். பதில் சொல்லும்!”

பிலோமின் சேலைத் தலைப்போடு உறைந்து நின்றான். பிறகு, “அய்யய்யோ, மெஷினுக்குச் சூடு ஏறிப்போச்சு!” என்று கத்திக்கொண்டே பல்புச் சரத்தைப் பிடுங்கினான். கைதட்டல் காதைப் பிளந்தது. திருவிழா நாடகத்தில் பங்குக்காரர்களைப் பெயர் சொல்லிக் கிண்டல் செய்வது வழக்கம்தான். எல்லாரும் அதையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துவிட்டார்கள். அப்பாகூட வீட்டுக்கு வரும் வழியில், “நல்லாத்தான் இருந்துச்சு, கொஞ்சம் ஓவரு” என்றார். தப்பித்தேன் என்று ஒரு நிம்மதி. கேட்டும் பிரயோசனமில்லையே என்று அதைவிடப் பெரிய அழுகை.

ஆனால் பந்தலில் ஒருத்தர் அதை நாடகமாக எடுத்துக்கொள்ளவில்லை. கோயில்பிள்ளை சவரிநாதன். பூசைக்கு மணி அடிப்பதும் ஓலை நோட்டை வைத்துக்கொள்வதும் அவர் வேலை. முப்பது வருஷமாக அந்த நோட்டில் ‘விக்கினம்’ என்ற கட்டம் காலியாகவே கிடந்தது. ஒருத்தராவது வந்து எதையாவது சொல்ல மாட்டார்களா என்று அவருக்கு ஏக்கம்.

ஞாயிற்றுக்கிழமை திருவிழாப் பூசைக்கு உறையூர்க்காரர்களும் வந்திருந்தார்கள். சாமியார் நோட்டைப் பிரித்தார். வேறு இரண்டு ஜோடிகளின் ஓலையை வாசித்தார். மூன்றாவதற்கு வந்ததும் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிப் பார்த்தார். பிறகு, “லூர்துராணி, தைரியராஜ் வீட்டார் ரெண்டு பேரும் பூசை முடிஞ்சு பங்களாவுக்கு வாங்க” என்று மட்டும் சொன்னார்.

சாமியார் பங்களா மேசைமேல் நோட்டு விரித்துக் கிடந்தது. என் பெயருக்கு நேரே சிவப்பு மையில், ‘விக்கினம் உண்டு. அறிவித்தவர்: கம்ப்யூட்டர்.’

“சவரிநாதா, அது நாடகம்யா!” என்றார் சாமியார்.

“ஓலை எங்க வாசிச்சாலும் ஓலைதான் சாமி. பேரு சரி, ஊரு சரி. காதால கேட்ட விக்கினத்தை எழுதாம விட்டா சாவான பாவம். நாளைக்கு நானில்ல பதில் சொல்லணும்? எழுதினது எழுதினதுதான். விசாரிச்சு முடிக்காம மூணாம் ஓலை வாசிக்கக் கூடாது.”

சாமியார் தலையில் கைவைத்தார். “சரி, விசாரிச்சுத் தொலைப்போம். தைரியராஜ், பொண்ணு டிரெயினிங் போகக்கூடாதுன்னு சொன்னீங்களா?”

“நானா?” தைரியராஜ் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். “டிரெயினிங்னு ஒண்ணு இருக்குறதே நேத்து அந்தப் பொட்டி சொல்லித்தான் சாமி எனக்குத் தெரியும். இவங்க பேருன்னவுடனே எனக்குச் சிரிப்பு நின்னு போச்சு.” என் பக்கம் திரும்பினார். “ஸ்ரீரங்கத்துக்கு வந்து ரெண்டு இன்லண்ட் வாங்கினீங்களே, அதுல ஒண்ணுலயாவது எழுதிப் போட்டிருக்கலாம்ல?”

பார்த்திருக்கிறார். எனக்கு முகமெல்லாம் எரிந்தது.

ரோசம்மாள் சும்மா இருப்பாரா? “நாங்க எதுக்கு வேண்டாங்கப் போறோம்? உங்கப்பாதான் வந்து, எம்பொண்ணு வேலையை விட்டுருவா, எங்கயும் போக மாட்டான்னு தானாச் சொன்னாரு. கேட்டுப் பாரு.”

அறையில் எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்தார்.

“அப்பா?”

“நான் வேண்டாம்னா நீ சண்டை போடுவ ராணி. அவங்க மேல போட்டாக் கேட்டுக்குவேன்னு…” சட்டைப் பையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். “உங்கம்மாவும் மெட்ராசுக்கு ஆஸ்பத்திரிக்குன்னுதான் போனா. திரும்பி வரலியே.”

கத்துவதற்கு ஒரு வாரமாகச் சேர்த்து வைத்திருந்தேன். கேட்க வேண்டிய கேள்வியை ஊரைக் கூட்டித் தப்பான ஆளிடம் கேட்டிருக்கிறேன். சரியான ஆள் தினமும் என் கையால்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அவர்மேல் கொலைக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

“நான் போறேன்ப்பா” என்றேன். “போயிட்டு வரேன். வருவேன்.”

சாமியார் தைரியராஜைப் பார்த்தார். “ஆறு மாசம் காத்திருப்பீங்களா?”

“இருக்கேன் சாமி. பொட்டிக்குள்ள இருந்தே இந்தப் போடு போடுறவங்க, வெளிய வந்தா என்ன பண்ணுவாங்களோன்னுதான் பயமா இருக்கு.”

“ஆறு மாசம் தாண்டினா மூணு ஓலையும் முதல்ல இருந்து வாசிக்கணும்” என்றார் சவரிநாதன். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். பிறகு நோட்டை என் பக்கம் தள்ளினார். “கம்ப்யூட்டர்னு இருந்தாச் செல்லாது பாப்பா. அறிவிச்சவங்க கையெழுத்து வேணும். சாட்சிக்கும் ஒரு கையெழுத்து.”

‘கம்ப்யூட்டர்’ என்பதை அடித்துவிட்டு லூர்துராணி என்று எழுதினேன். சாட்சிக்கு தைரியராஜ் கை நீட்டினார். அதற்குள் அப்பா பேனாவை எடுத்துவிட்டார். மெதுவாக, பெரிய எழுத்தில், இ. இன்னாசிராஜ் என்று போட்டார். மை அதிகமாக இறங்கிக் குளம் கட்டியது.

“மூடிராதீங்க, அப்பிக்கும்!” என்று சவரிநாதன் மை ஒற்றுகிற தாளைத் தேடினார். அப்பா சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து விரித்து, அந்த ஈரத்தின்மேல் வைத்து உள்ளங்கையால் நன்றாக அழுத்தினார். அது, ஒரு தப்பில்லாமல் நான் டைப் அடித்த கடிதம்.