எழுத்து நேராகத் தெரிய வேண்டும்

என் அக்காவின் கணவரிடம் ஒரு கார் இருக்கிறது. காரைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. இதில் ஏதாவது ஒன்று மட்டும் என்றால் யாருக்கும் கெடுதல் இல்லை.

குளியலறை ஓடு விற்கும் கடையில் அவர் மேலாளர். வீட்டில் அவருக்குப் பெயர் 'நிபுணர்'. கல்யாணமான புதிதில் அக்கா செல்லமாக வைத்தது. செல்லம் சீக்கிரமே தீர்ந்துவிட்டது, பெயர் ஒட்டிக்கொண்டது. அவருக்கு அது இன்னும் பாராட்டாகத்தான் கேட்கிறது.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஃபோனில் ஏதோ வீடியோவைப் பார்த்துக்கொண்டே, கம்பெனி பொருத்திக் கொடுத்த கறுப்பு பிளாஸ்டிக் காற்றுப் பெட்டியைக் கழற்றி எறிந்தார். அந்த இடத்தில் கண்ணாடி மாதிரி பளபளக்கும் ஒரு குழாயையும், அதன் முனையில் சிவப்பாகக் கூம்பு வடிவ ஃபில்டர் ஒன்றையும் மாட்டினார். "இன்ஜின் நல்லா மூச்சு விடணும் மாப்ள" என்று என்னிடம் ஃபோனில் விளக்கம் வேறு. எட்டு வருடமாக அது இவர் உதவி இல்லாமலே மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

மறுநாளிலிருந்து வண்டி விசிலடித்தது. மேட்டைக் கண்டால் மூச்சு வாங்கியது. அழுத்தினால் போகாது, கொஞ்சம் யோசித்துவிட்டுப் போகும். நிபுணர் நான்கு நாள் ஆராய்ந்து காரணத்தைக் கண்டுபிடித்தார். காரணம் என் அக்கா.

"இவ கிளட்ச்ச மிதிச்சுக்கிட்டே ஓட்டுறா. வண்டி பாவம், என்ன பண்ணும்?"

இது வெறும் குடும்பச் சண்டையாக இருந்தால் நான் தலையிட்டிருக்க மாட்டேன். என் தூக்கம் எனக்குப் பெரிது. ஆனால் அக்காவுக்கு ஆறு வருடம் கழித்து ஒரு வேலை கிடைத்திருந்தது. ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். மேட்டுத் தெருக்களில் வீடு வீடாகப் போய் நடக்க முடியாதவர்களிடம் ரத்தம் எடுத்து வர வேண்டும். வண்டி இருந்தால்தான் வேலை. புதன்கிழமை பதினொரு மணிக்கு வண்டியோடு வந்து நிற்கச் சொல்லியிருந்தார்கள். நிபுணர் செவ்வாய் இரவே தீர்ப்பு எழுதிவிட்டார்: "ஏறாத வண்டிய வச்சுக்கிட்டு எப்படிப் போவ? பேசாம வேணாம்னு சொல்லிடு. அப்புறம் பாத்துக்கலாம்." அந்த வீட்டில் 'அப்புறம்' என்றால் எத்தனை வருடம் என்று அக்காவுக்குத் தெரியும்.

புதன் காலை ஏழரைக்கு குளிர்பதனக் கிடங்கில் ஷிப்ட் முடித்து, விரலில் உணர்ச்சி திரும்பாமலே அவர்கள் வீட்டு கேட்டைத் திறந்தேன். அக்கா வேலைக்கான வெள்ளை மேலங்கியைப் போட்டுக்கொண்டு தயாராக நின்றாள். நிபுணர் பனியனோடு காபிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு காரைப் பார்த்துக்கொண்டிருந்தார், நோயாளி உறவினரைப் பார்க்கும் முகத்தோடு.

"வாங்க இன்ஜினியர்" என்றார்.

நான் ஆட்டோமொபைல் படிப்பை மூன்றாம் வருடத்தில் விட்டவன். அதை மாதம் ஒரு முறையாவது ஞாபகப்படுத்தாவிட்டால் அவருக்குச் செரிக்காது.

"பானட்டத் திறங்க மாமா."

திறந்தார். குழாயின் நடுவில் அதைச் செய்த கம்பெனியின் பெயர் கொட்டை எழுத்தில் சிவப்பாக மின்னியது. எதிரே நின்று படிக்க வசதியாக, நேராக.

"எப்படி இருக்கு?"

"போட்டோவுக்கு நல்லா இருக்கு. ஸ்டார்ட் பண்ணுங்க."

இன்ஜின் ஓடியதும் விசில் கிளம்பியது. தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயில் ஒரு முழம் வெட்டி எடுத்து, ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையால் ஒவ்வோர் இணைப்பாகத் தடவிக்கொண்டு போனேன்.

"டாக்டரா இன்ஜினியரா? முடிவு பண்ணிக்க" என்றார் நிபுணர்.

இன்ஜின் பக்கத்து இணைப்பில் விசில் காதைப் பிளந்தது. அந்த இடத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தேன். விசில் ஒரு நொடி நின்று, குரல் மாறி, மறுபடி தொடங்கியது. குழாய் கோணலாக உட்கார்ந்திருந்தது. அதை இறுக்கும் கிளாம்ப் வளையம் பாதி ரப்பரையும் பாதி காற்றையும் பிடித்துக்கொண்டிருந்தது.

"இங்கதான் ஒழுகுது. இது ஏன் கோணலா இருக்கு?"

"அது டிசைன்."

டிசைன் இல்லை. குழாயின் மேல் கட்டைவிரல் அளவில் ஒரு சென்ஸர் உண்டு. எவ்வளவு காற்று உள்ளே போகிறது என்று அளந்து வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்வதுதான் அதன் வேலை. அதற்கேற்பத்தான் கம்ப்யூட்டர் பெட்ரோலைத் தரும். காற்று எந்தப் பக்கம் போக வேண்டும் என்று காட்ட அதன் தலையில் ஓர் அம்புக்குறி. அம்பு இன்ஜினைப் பார்க்க வேண்டும். இங்கே அது சிவப்பு ஃபில்டரைப் பார்த்துக்கொண்டிருந்தது. இன்ஜின் உள்ளே மூச்சை இழுக்க, சென்ஸர் தலைகீழாக நின்று கணக்கு சொல்லிக்கொண்டிருந்தது.

"மாமா, குழாய முன்ன பின்ன மாத்தி மாட்டியிருக்கீங்க."

"தெரியும்."

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. "தெரியுமா?"

"வீடியோவுல அவன் சொன்ன மாதிரி மாட்டினா எழுத்து தலைகீழா வருது மாப்ள. பானட்டத் திறந்தா யாராலயும் படிக்க முடியாது. ரெண்டு பக்கமும் ஒரே சைஸ் ஓட்டைதான். அதான் திருப்பிட்டேன்."

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். மூன்று வாரமாக 'கிளட்ச், கிளட்ச்' என்று கேட்ட காது அது.

"எழுத்துக்காகவா?" என்றாள்.

"பாக்குறவனுக்குத் தெரிய வேணாமா?"

"யாருங்க வந்து பாக்குறான்? மூணு வாரமா நீங்கதான் பாக்குறீங்க. உங்களுக்குத்தான் பேர் தெரியுமே."

ஓடு விற்கிற மனிதர். நாலு சுவரிலும் பூ நேராக வருகிறதா என்று பார்த்துப் பார்த்துக் கண் அப்படியே நின்றுவிட்டது. பூ நேராக இருந்தால் போதும், பின்னால் தண்ணீர் ஒழுகினால் அது வேறு துறை.

குழாயைக் கழற்றித் திருப்பி மாட்டினேன். கச்சிதமாக உட்கார்ந்தது. கிளாம்ப்பை இறுக்கினேன். பழைய கணக்கை கம்ப்யூட்டர் மறக்கட்டும் என்று பேட்டரியின் ஒரு முனையைக் கொஞ்ச நேரம் கழற்றி வைத்தேன். மறுபடி மாட்டி ஸ்டார்ட் செய்தபோது விசில் போய்விட்டிருந்தது. எழுத்து தலைகீழாக நின்றது. நிபுணர் தலையைச் சாய்த்துப் படித்துப் பார்த்து, துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி உதட்டைப் பிதுக்கினார்.

தண்ணீர்த் தொட்டி மேடு வரை போய்ப் பார்த்தோம். அக்காதான் ஓட்டினாள். பின் சீட்டில் நிபுணர், அவள் பக்கத்தில் முன் சீட்டில் நான். நான் அவள் காலைத்தான் கவனித்தேன். கியர் மாற்றும்போது மட்டும் கிளட்ச், உடனே கால் கீழே. வகுப்பில் என்னோடு படித்த ஒருத்தனும் அவ்வளவு சுத்தமாக ஓட்டியதில்லை. முதல் பாதி மேட்டை வண்டி கம்பீரமாக ஏறியது. சிக்னலில் ஐந்து நிமிடம் நின்று கிளம்பியபோது மறுபடி சோர்ந்தது.

"பாத்தியா, கிளட்ச்" என்றது பின் சீட்டு.

"மாமா, கொஞ்சம் சும்மா இருங்க."

ஓரம் கட்டி பானட்டைத் திறந்தேன். சிவப்புக் கூம்பு கைவைக்க முடியாத அளவு கொதித்தது. ரேடியேட்டரின் பின்னால், மூடி கிடையாது, மறைப்பு கிடையாது. பழைய பெட்டி முன்விளக்குப் பக்கத்திலிருந்து வெளிக்காற்றை எடுத்துக்கொண்டிருந்தது. இது இன்ஜின் கக்கிய சூட்டையே திரும்பக் குடித்தது. சூடான காற்று குடித்த இன்ஜின் மேடு ஏறாது. அதைச் சொன்னேன்.

"அப்ப என்ன பண்ணணும்?" என்றாள் அக்கா. மணி ஒன்பதரை.

"பழைய பெட்டி வேணும்."

"தூக்கிப் போட்டாச்சே" என்றார் நிபுணர். அவர் குரலில் ஒரு நிம்மதி தெரிந்தது. அதை நான் மறக்கப் போவதில்லை.

"நீங்க போட்டீங்க" என்றாள் அக்கா. "நான் எடுத்துட்டேன்."

வீட்டுக்குத் திரும்பினோம். பெட்டி அடுக்களையில் இருந்தது. கீழ்ப் பாதியில் வெங்காயம், மேல் பாதியில் உருளைக்கிழங்கு. நல்ல பிளாஸ்டிக், அடியில் காற்றோட்டம், மூன்று வாரமாக ஒரு வெங்காயம்கூட அழுகவில்லை என்றாள். அந்தக் கார் சம்பந்தமாக அந்த வீட்டில் நடந்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான். அப்படியே தரையில் கவிழ்த்தாள். வெங்காயம் நாலா பக்கமும் உருண்டு ஓடியது. சருகை உதறி, ஈரத்துணியால் துடைத்தேன். பழைய காகித ஃபில்டரையும் ரப்பர் குழாயையும் அவள் தனியாக எடுத்து வைத்திருந்தாள்.

பெட்டியை உட்கார வைத்துப் பழைய ரப்பர் குழாயை இணைத்தேன். புதுக் குழாயிலிருந்து கழற்றிய சென்ஸரை அதன் இடத்தில், அம்பு இன்ஜினைப் பார்க்க வைத்தேன். கடைசியாக அதன் வயர் பிளக். 'டிக்' என்று சத்தம் கேட்கும்வரை அழுத்த வேண்டும். அதை மாட்டுகிற நேரத்தில் நிபுணர் பக்கத்தில் வந்து நின்று, "கம்பெனிக்காரன் செலவக் குறைக்கத்தான் பிளாஸ்டிக்ல பண்றான்" என்றார்.

"ஆமா மாமா" என்றேன். "அவன்ட்ட ஆயிரம் இன்ஜினியர் இருக்கான், ஒருத்தனுக்கும் ஓடு விக்கத் தெரியாது. அதான் இந்த லட்சணத்துல இருக்கு."

அக்கா சிரித்தாள். எனக்கு நன்றாக இருந்தது. பானட்டை அடித்து மூடினேன்.

மணி பத்தேகால். அக்கா பையைப் பின் சீட்டில் வைத்து, கண்ணாடியைச் சரி செய்து, ஸ்டார்ட் செய்தாள். விசில் இல்லை, இரைச்சல் இல்லை. "சத்தமே போச்சே" என்றார் நிபுணர், செத்த வீட்டுக் குரலில். வண்டி பின்னால் நகர்ந்து, வாசல் பள்ளத்தில் இறங்கி ஒரு குலுங்கு குலுங்கியது. இன்ஜின் பொட்டென்று நின்றது.

மறுபடி ஸ்டார்ட் செய்தாள். ஒரு இருமல், நின்றது.

நிபுணரின் முகம் மலர்ந்தது. காலையிலிருந்து அந்த முகத்தில் நான் பார்த்த முதல் சந்தோஷம்.

"நான் சொல்லல? கிளட்ச். பெட்டி, குழாய்னு அவன் வேற ஆடுறான். விஷயம் இவ கால்ல இருக்கு. விடு, இறங்கு. அவங்களுக்கு நான் ஃபோன் பண்ணிச் சொல்லிடுறேன்."

எனக்கு அந்தக் கணமே தெரிந்துவிட்டது. 'டிக்' கேட்கவில்லை. அந்த நேரத்தில் நான் பேசிக்கொண்டிருந்தேன். குலுங்கியதில் பிளக் கழன்றிருக்கிறது. கையை விட்டு அழுத்தினால் முடிந்தது. அதற்கு முன்னால் இவர் எதிரில் வாய் திறந்து சொல்ல வேண்டும்.

நான் சொல்லவில்லை. மூன்று விநாடி இருக்கும். கிளட்ச்சாகவே இருந்துவிட்டுப் போகட்டும், பானட்டைத் திறந்து எதையோ சரி செய்வது போல அழுத்திவிட்டு மூடிவிடலாம் என்று ஒரு புத்தி ஓடியது. என் புத்திதான். அக்கா ஸ்டியரிங்கில் இரண்டு கையும் வைத்து நேராக உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கிளட்ச் இல்ல" என்றேன். "நான் பிளக்க சரியா சொருகல. என் தப்பு."

நிபுணர் சிரித்தார். தொடையைத் தட்டிச் சிரித்தார். "இன்ஜினியர்!" என்றார். "மூணு வருஷம் படிச்சது பிளக் சொருகவா? அதுவும் வரலையா?" நான் பானட்டைத் திறந்தேன். பிளக் பாதியில் தொங்கிக்கொண்டிருந்தது. அழுத்தினேன். டிக். அவர் சிரிப்பை மீறி அது தெளிவாகக் கேட்டது.

இன்ஜின் பிடித்துக்கொண்டது. அக்கா ஜன்னலை இறக்கினாள்.

"இதச் சொல்ல உனக்கு இவ்வளவு நேரமாடா?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கேட்டைத் தாண்டித் திரும்பிப் போய்விட்டாள்.

அங்கிருந்து பார்த்தால் தண்ணீர்த் தொட்டி வளைவு தெரியும். நாங்கள் இரண்டு பேரும் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அக்கா ஓட்டிப்போன சாம்பல் நிறக் கார் வந்தது, முன்னால் போன லாரியை ஒதுக்கியது, வேகம் குறையாமல் வளைவில் ஏறி மறைந்தது.

"ஏறிடுச்சே" என்றார் நிபுணர், ஏமாந்துபோனவர் மாதிரி.

உள்ளே போனேன். அடுக்களையில் கால் வைக்க இடமில்லை. மண்டியிட்டு வெங்காயம் பொறுக்கத் தொடங்கினேன். அடுப்புக்கு அடியில் உருண்டதையும் விடவில்லை. கூடத்தில் நிபுணர் குழாயை மடியில் வைத்துத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். எழுத்து இப்போது நேராக இருந்தது.

"மாப்ள" என்று கூப்பிட்டார். "இது உன் பைக்குக்கு வருமா?"