கிளட்சில் ஒன்றும் இல்லை

மாமா முதல் தடவை வந்து சொன்னபோது பிளேட்டு அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"கிளட்ச் கல்லா இருக்குடா மாப்ள. மிதிச்சா எறங்க மாட்டேங்குது."

"வண்டிக்கு வயசாச்சு இல்ல மாமா. மூட்டு பிடிச்சிருக்கும். விட்டுட்டுப் போங்க, பாக்கறேன்."

பிளேட்டு என்பது ஊர் வைத்த பெயர். பழைய டிராக்டர்களுக்கு கிளட்ச் பிளேட் மாற்றி மாற்றியே வந்த பெயர். இப்போது அவன் மனைவிகூட அப்படித்தான் கூப்பிட்டாள். மாமா அவனுடைய அக்கா கணவர். அவருடைய டிராக்டர் பிளேட்டைவிட வயதில் மூத்தது. பெயின்ட் உதிர்ந்து உதிர்ந்து, எந்த நிறத்தில் பிறந்தோம் என்பதையே மறந்துவிட்ட வண்டி. மாமா அதைப் "பெரிய மனுஷி" என்பார். அக்காவுக்கு இந்த மரியாதை கிடைத்ததில்லை என்று வீட்டில் கேலி ஓடும்.

பெடல் மாட்டியிருந்த தண்டைக் கழற்றி, துருவைத் தேய்த்து, கிரீஸ் வைத்து, கம்பிகளின் நெளிவு சுளிவைப் பார்த்து அனுப்பினான். மாமா போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"எறங்குது, ஆனா பாதியில நிக்குது. உள்ளதான் ஏதோ இருக்கு. பிரிச்சுப் பாத்துடு."

உள்ளே பார்ப்பது சின்ன வேலை இல்லை. அந்தக் கால டிராக்டர்களுக்குத் தனியாக அடிச்சட்டம் கிடையாது. எஞ்சினையும் கியர்பெட்டியையும் ஒன்றோடொன்று போல்ட் போட்டு இறுக்கியதுதான் முதுகெலும்பு. கிளட்ச் அந்த இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. அதன் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் வண்டியை இடுப்பில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். பிளேட்டு முன் அச்சின் இரண்டு பக்கமும் மரக்கட்டை அடித்தான். இல்லாவிட்டால் பிரிந்ததும் எஞ்சின் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். ஒயர்கள், டீசல் குழாய், ஸ்டியரிங் தண்டு எல்லாவற்றையும் அவிழ்த்தான். ஜாக்கி கொடுத்து, பின்பாதியை மெல்லப் பின்னால் உருட்டினான். தகரக் கொட்டகைக்குள் வண்டி இரண்டு துண்டாக நின்றது. மாமா ஒரு காலி டிரம்மின் மேல் உட்கார்ந்து, ஆபரேஷன் தியேட்டர் வாசலில் காத்திருப்பவர் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிளேட் தேய்ந்திருந்தது, ஆனால் இன்னும் ஓடும். அதை அழுத்திப் பிடிக்கிற அமுக்குத் தட்டின் மூன்று விரல்களும் ஒரே மட்டத்தில் இருந்தன. அந்த விரல்களைத் தள்ளுகிற பேரிங்கைக் கையில் வைத்துச் சுற்றியபோது மட்டும் லேசாகக் கரகரத்தது.

"இதோ மாமா. இவன்தான் திருடன்."

அவன் குரலில் சந்தோஷம் தெரிந்தது. அந்தச் சின்னக் கரகரப்புக்குப் பெடலில் அவ்வளவு கனம் வராது என்பது அவனுக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் ஏதோ ஒன்று கிடைத்துவிட்டது. புது பேரிங் போட்டு, வண்டியை மறுபடி ஒன்றாக்கினான். மாமா ஓட்டிப் பார்த்து, "இப்பதான்டா உயிரு வந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அறுவடை முடிந்து உழவு தொடங்கியதும் மூன்றாம் முறையாக வந்தார். இந்தத் தடவை சிரிப்பு இல்லை.

"என்னத்தடா பாத்த? முன்னவிட மோசமா இருக்கு. திருப்பத்துல மிதிக்க முடியாம வண்டிய வேலியில ஏத்திட்டேன்."

பிளேட்டிடம் சொன்னதோடு அவர் நிறுத்தவில்லை. டீக்கடையிலும் சொன்னார். "எம் மாப்ளைக்குக் கை போயிடுச்சு. சொந்தக்காரன்னு பாக்கறேன், இல்லன்னா வேற கடைக்குப் போயிருப்பேன்." விளையாட்டாகத்தான் ஆரம்பித்திருப்பார். கேட்டவர்கள் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. வழக்கமாக அவனிடம் வருகிற ஒரு கரும்புக்காரர் தன் வண்டியை ஊருக்கு வெளியே இருந்த கடையில் விட்டதைப் பிளேட்டு போகிற வழியில் பார்த்தான். வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டான். வெளி ஆள் சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பான்.

மறுபடி பிரித்தான். இந்தத் தடவை எதையும் சந்தேகத்துக்கு விடவில்லை. அமுக்குத் தட்டையே முழுதாக மாற்றினான். புது பிளேட் போட்டான். நெம்புகோல், அச்சு, புஷ் எல்லாம் புதிது. பூட்டி முடித்து, பெடலின் ஆட்டத்தைச் சரிசெய்து, மாமாவை ஏறி உட்காரச் சொன்னான். அவர் இடது காலைப் பெடல்மேல் வைத்தார். முகம் சிவந்தது. ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையைத் தொடைமேல் வைத்து அழுத்தினார். பெடல் பாதி வரை போய் நின்றது.

"பாத்தியா? நான் பொய்யா சொல்றேன்?"

அந்த நேரத்துக்குத்தான் அக்கா மதியச் சாப்பாட்டோடு வந்தாள். ஒல்லியான மனுஷி, காற்றடித்தால் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று மாமாவே சொல்வார். அவர் இறங்கிக் கை கழுவப் போனதும், தரையெல்லாம் எண்ணெயாக இருந்ததால் அக்கா உட்கார இடம் தேடி வண்டிமேல் ஏறி அமர்ந்தாள்.

"இதுதான் அந்தக் கல்லா?" என்று கேட்டுக்கொண்டே செருப்புக் காலால் பெடலை மிதித்தாள். பெடல் அடிவரை இறங்கியது. விட்டாள். மேலே வந்தது. மறுபடி மிதித்தாள். மறுபடியும் இறங்கியது.

பிளேட்டு அவளைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்தாள். மூன்றாவது தடவை அவள் மிதிக்கவில்லை. காலை மெதுவாக எடுத்து, சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

குழாயடியிலிருந்து மாமா திரும்பி நடந்து வந்தார். அவருடைய இடது செருப்பின் முனை தரையைச் சுரண்டிக்கொண்டே வந்தது. வலது செருப்பு புதிது போல இருக்க, இடது செருப்பின் முனை மட்டும் கடித்துத் துப்பியது மாதிரி தேய்ந்திருந்தது. இத்தனை நாள் அந்தக் கால்களுக்குப் பக்கத்தில்தான் பிளேட்டு மல்லாந்து படுத்து வேலை செய்திருந்தான்.

அவர் சாப்பிட்டுவிட்டுச் சற்றுக் கண்ணயர்ந்தபோது, பக்கத்துப் பழைய இரும்புக் கடையில் கொக்கித் தராசை வாங்கி வந்தான். பெடலில் மாட்டி இழுத்தான். அதே ரக வண்டி ஒன்று கொட்டகையில் நின்றது. அதன் பெடலிலும் மாட்டி இழுத்தான். முள் இரண்டிலும் ஒரே இடத்தில் நின்றது. அக்கா கேரியரைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"உள்ள என்னடா இருந்துச்சு?"

"கிளட்சுல ஒண்ணும் இல்லக்கா."

"ஒண்ணுமே இல்லையா? நல்லாப் பாத்தியா?"

"பாத்துட்டேன்."

அவள் கேரியரை அடுக்கினாள். ஒரு கிண்ணம் சரியாக உட்காராமல் ஆடிக்கொண்டே இருந்தது. "செருப்பு கழண்டு விழுந்தாக்கூட அவருக்குத் தெரியறதில்லடா. வாசப்படியில ரெண்டு வாட்டி விழுந்துட்டாரு. நீ ஏதாவது பழுது கண்டுபிடிச்சுச் சொல்லிடுவன்னு இருந்தேன்." பிறகு, "நான் பேசிக்கறேன். நீ எதுவும் சொல்லாத" என்றாள்.

அவள் என்ன பேசினாள் என்பது பிளேட்டுக்குக் கடைசிவரை தெரியாது. சில நாள் கழித்து மூன்று பேரும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். காலில் ஊசி குத்திப் பார்த்தார்கள், மின்சாரம் வைத்துப் பார்த்தார்கள், மறுபடி வரச் சொன்னார்கள், மறுபடியும் போனார்கள். கடைசியில் ஒரு டாக்டரம்மா உட்காரவைத்து நிதானமாகச் சொன்னார். தசைக்குக் கட்டளை கொண்டுபோகிற நரம்புகள் ஒவ்வொன்றாக அவிந்துகொண்டு வருகின்றன. காலில் ஆரம்பித்தது கைக்கு வரும், பிறகு பேச்சுக்கு, விழுங்குவதற்கு, மூச்சுக்கு. கொஞ்சம் தள்ளிப்போட மருந்து உண்டு. நிறுத்த மருந்து இல்லை. மாமா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார், யாரோ ஒருவருடைய நிலத்தைப் பற்றிப் பேசுவதைக் கேட்பது போல.

திரும்பி வரும்போது பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அக்காவை முன்னால் போகச் சொன்னார்.

"நீ வாடா. டீ குடிச்சுட்டுப் போலாம்."

பிளேட்டுக்கு அந்தக் கடைக்குள் நுழையவே பிடிக்கவில்லை. மாமா அவன் தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். வழக்கமான கூட்டம் இருந்தது. கரும்புக்காரரும் இருந்தார். மாமா உட்காரவில்லை.

"எல்லாரும் இருக்கீங்க. ஒரு வார்த்த சொல்லிடறேன். எம் மாப்ளைக்குக் கை போயிடுச்சுன்னு இங்க வச்சுத்தான் சொன்னேன். அது தப்பு. அவன் வேலையில ஒரு குறையும் இல்ல. கிளட்ச் சரியாத்தான் இருந்துச்சு. போனது என் காலு. இனி வராதாம், டாக்டர் சொல்லிட்டாங்க."

டீக்கடைக்காரர் பாலை ஆற்றுவதை நிறுத்திவிட்டார். ஊருக்கு அந்த நோய் தெரிந்தது அப்படித்தான். தன் உடம்புக்கு வந்ததைக்கூட அவர் முதலில் தன் மச்சினன் பெயரைத் துடைக்கத்தான் வெளியே சொன்னார். பிளேட்டு தலை நிமிராமல் நின்றான். அவனுக்குக் கை உண்மையாகவே போயிருந்தால் தேவலை என்று தோன்றியது.

வெளியே வந்ததும் மாமா கேட்டார்: "கையால மிதிக்கிற மாதிரி ஏதாவது பண்ண முடியுமாடா?"

"கையால எப்படி மாமா மிதிக்க?"

"மிதிக்க வேணாம், இழுக்கறேன். இந்த வருஷ உழவு மட்டும்."

பிளேட்டு ஒரு கனமான பைப்பை வளைத்துப் பெடலின் தண்டில் வெல்ட் வைத்தான். கைப்பிடியை மாமாவின் வலது கைக்கு எட்டும்படி நிறுத்தினான். இடது கையில் ஏற்கெனவே பிடி தளர ஆரம்பித்திருந்தது. கியர் மாற்றும்போது பிடித்துக்கொண்டே இருக்க முடியாதே என்று பைப்பை நிறுத்திவைக்க ஒரு கொக்கியும் போட்டான். இரண்டு முறை அளவு தப்பி வெட்டி, மூன்றாவது முறை சரியாக வந்தது. அந்த வருஷ உழவை மாமா அதை வைத்தே முடித்தார். திருப்பங்களில் வண்டி குலுங்கி நிற்கும்; தூரத்திலிருந்து பார்ப்பவர்கள் புதிதாகப் பழகுகிறவர் என்றுதான் நினைப்பார்கள். அக்கா வரப்பில் நின்று பார்த்தாள். பார்த்துக்கொண்டே கற்றுக்கொண்டாள் போலிருக்கிறது.

அடுத்த உழவுக்கு முன்னால் ஒரு காலை வண்டி கொட்டகை வாசலில் வந்து நின்றது. ஓட்டி வந்தது அக்கா. மாமா மட்கார்டின் மேல், விழாமல் இருக்க ஒரு துண்டால் கட்டப்பட்டு உட்கார்ந்திருந்தார். அவர் பேச்சு அப்போதே குழற ஆரம்பித்திருந்தது. ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துவைத்தார்.

"மாப்ள. அந்தப் பைப்ப வெட்டிடு. அவ முட்டியில இடிக்குது."

"இருந்துட்டுப் போகட்டுமே மாமா. கொஞ்சம் வளைச்சு விடறேன்."

"வெட்டிடுடா. பாவம், ரத்தம் கட்டிப்போச்சு."

அக்கா மறுபக்கம் திரும்பிக்கொண்டாள். பிளேட்டு ரம்பத்தை எடுத்து உட்கார்ந்தான். பைப் கையோடு வந்ததும் அதைச் சுவரோரம் வைத்துவிட்டு, பெடலில் மிச்சமிருந்த முனை அக்காவின் காலைக் கிழிக்காதபடி அரத்தால் தேய்த்து மழுக்கினான். மழுங்கிய பிறகும் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"போதும்டா," என்றார் மாமா.

அதற்குப் பிறகு அவர் கட்டிலைவிட்டு அதிகம் எழவில்லை. பிளேட்டு மதியங்களில் கொட்டகையைச் சாத்திவிட்டு அவரிடம் போய் உட்காருவான். சவரம் செய்துவிடுவான், ஸ்பூனால் தண்ணீர் கொடுப்பான். பேச்சு முழுதாக நின்றுவிட்ட பிறகு கண்ணால் பேசப் பழகிக்கொண்டார்கள். பின்பக்கத்து நிலத்தில் அக்கா உழும் சத்தம் ஜன்னல் வழியே கேட்கும். கியர் கடித்துக் கரகரக்கும்போதெல்லாம் மாமா புருவத்தைத் தூக்குவார். "பழகிடுவாங்க மாமா," என்பான் பிளேட்டு. அவர் கண்ணில் சிரிப்பு வரும்.

அப்படியொரு மதியத்தில்தான் அவர் மூச்சு நின்றது. வலி ஏதும் தெரியவில்லை. ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவில் இடைவெளி நீண்டுகொண்டே போனது, பிறகு அடுத்தது வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே டிராக்டர் சத்தம் அதே தாளத்தில் போய்க்கொண்டிருந்தது. பிளேட்டு அவர் கண்களை மூடிவிட்டு, போர்வையைச் சரிசெய்துவிட்டு, நிலத்துக்கு நடந்தான்.

உழுத மண்ணில் கால் புதைந்தது. அக்கா அவன் வருவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டாள். வேலை நேரத்தில் அவன் நிலத்துக்குள் வந்ததே இல்லை. பாதிச் சாலில் வண்டி நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. அவன் பக்கத்தில் போனபோது அவள் நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இடது கால் கிளட்சை அடிவரை மிதித்தபடி இருந்தது.

"அக்கா."

"தெரியுதுடா."

"கியர்ல இருக்கு. நான் எடுக்கறேன்."

அவன் ஏறி நின்று கியரை நியூட்ரலுக்குத் தள்ளினான். எஞ்சினை நிறுத்தும் கம்பியை இழுத்தான். சத்தம் அடங்கியது. அவள் அப்போதும் காலை எடுக்கவில்லை. பிளேட்டு மண்ணில் மண்டியிட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் அவள் பாதத்தைப் பிடித்து, பெடலிலிருந்து மெதுவாக எடுத்துக் கீழே வைத்தான்.