வெட்டி ஆட்கள் ஏன் ஓடிப்போகிறார்கள்?

புதன்கிழமை காலை அந்தக் கேள்வி நாற்பத்தோராவது முறையாக வந்தது: "வெட்டி ஆட்கள் ஏன் ஓடிப்போகிறார்கள்? இது பிழையா?"

நாகவல்லி காபி ஆறுவதற்குள் பதில் எழுதிவிட்டாள். "இது பிழை அல்ல." முந்தைய நாற்பது பேருக்கும் இதையேதான் எழுதியிருந்தாள்.

ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அப்பா துலுக்கானம் எட்டிப் பார்த்தார். அவர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒப்பந்த ஃபிட்டர். மகள் இயற்பியல் படித்து முடித்து ஒரு வருடமாகியும் வேலை கிடைக்கவில்லை என்பதை ஒரு நாளும் நேராகச் சொன்னதில்லை. சுற்றி வளைத்துத்தான் சொல்வார்.

"இன்னா நாகு, காலீலயே வெட்டியா குந்திகினு கீற?"

அவள் அடுத்த கேள்வியைத் திறந்தாள். பேச்சு அவளுக்கு எப்போதும் குறைவுதான். கல்லூரியில் மூன்று வருடமும் அவள் குரலைக் கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனால் கணக்கு என்று வந்துவிட்டால் சோறு தண்ணீர் மறந்து உட்காருவாள்.

அப்படி உட்கார்ந்து போட்ட கணக்குதான் 'தொண்டைநாடு'. உலகம் முழுக்கக் கம்ப்யூட்டரில் ஆடப்படும் ராஜ்ய விளையாட்டு ஒன்று இருக்கிறது. அதில் இருப்பதெல்லாம் ஐரோப்பிய ராஜாக்கள். ரசிகர்கள் விரும்பினால் அதன்மேல் தங்கள் ஊர்ச் சரித்திரத்தைக் கட்டிச் சேர்த்துக்கொள்ளலாம். அப்படிச் சேர்ப்பதற்கு மோட் என்று பெயர். சென்னீர்குப்பம் அடுக்குமாடியில் குடியிருக்கும் ஐ.டி.க்காரர் ஜெகதீஷுக்கு, ஆயிரம் வருடத்துக்கு முந்தைய தொண்டைநாட்டை வைத்து ஒரு மோட் செய்ய ஆசை. ஆவடி பரத் படம் வரைந்தான். விதிகள் முழுவதையும் நாகவல்லி எழுதினாள். பதினாலு மாதம் ஆயிற்று. ஆடுகிறவர்களின் கேள்விகளுக்கு, குழுவின் பொதுப் பெயரில் பதில் சொல்வதும் அவள்தான்.

யானைப்படை எந்த மோடிலும் உண்டு. நாகவல்லி ஏரியை வைத்தாள். ஏரி நிறைந்தால் நெல் விளையும், நெல் இருந்தால்தான் படை நிற்கும். கரை உடையாமலிருக்க வெட்டி ஆட்கள் வேண்டும். கல்வெட்டுத் தொகுதிகளை இணையத்தில் இறக்கிப் படித்தபோது பழைய வரிகளின் பட்டியல் ஒன்றில் அந்தச் சொல்லைக் கண்டாள். வெட்டி என்றால் கூலியில்லாமல் செய்தே தீரவேண்டிய வேலை. சும்மா இருப்பவளைத் திட்ட அப்பா தினமும் எடுக்கும் சொல், ஒரு காலத்தில் சும்மா இருக்க விடப்படாதவர்களின் சொல்லாக இருந்திருக்கிறது. அப்பாவின் முன்னோர்கள் அண்டையூர்க் கழனிகளில் வேலை செய்தவர்கள். அந்தக் கழனிகளில் இப்போது ஃப்ளாட்டுகள் நிற்கின்றன. அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகவே அவள் ஒரு விதி எழுதினாள். ஒரே பருவத்தில் வெட்டி ஆட்களை ஒருமுறை கூப்பிட்டால் வருவார்கள். இரண்டாம் முறையும் வருவார்கள், பொறுமை தேயும். மூன்றாம் முறை கூப்பிட்டால் ஊரைவிட்டே போய்விடுவார்கள். திரையில் எந்த அறிவிப்பும் வராது. குடிசைகளின் மேல் அடுப்புப் புகை மட்டும் நின்றுபோகும். அதைக் கவனிக்காத ராஜாவின் ஏரி ஐப்பசி மழையில் உடையும்.

இருநூறு யானை வைத்திருந்த ராஜாக்களெல்லாம் தோற்றார்கள். கேள்விகள் குவிந்தன. யானைக்குத் தீனி போட்டேனே, ஏரி ஏன் உடைந்தது என்றார் ஒருவர். வெட்டி என்றால் வேலையில்லாதவன், வேலை கொடுத்தால் சந்தோஷப்பட வேண்டாமா என்றார் இன்னொருவர். மூன்றாமவர், "மச்சான், வெட்டிப் பசங்களுக்கு இவ்ளோ ரோஷமா?" என்று கேட்டிருந்தார். அதைப் படித்து நாகவல்லி தனியாகச் சிரித்தாள்.

ஜெகதீஷுக்குச் சிரிப்பு வரவில்லை. சிறந்த மோட்களை முகப்பில் போடும் ஒரு தளம், வருகிற ஞாயிறு இவர்களுடையதைப் போடச் சம்மதித்திருந்தது. அதற்குள் புகார்கள் அடங்க வேண்டும் என்று அவர் சனிக்கிழமை மதியம் எல்லோரையும் கரையான்சாவடியில் ஒரு ஜூஸ் கடைக்கு வரச் சொன்னார்.

"ஒரே ஒரு நம்பர்தான் நாகு. பொறுமை தேயற நம்பர ஜீரோ ஆக்கிடு. யாரும் ஓட மாட்டாங்க, யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க. வெட்டிங்கற பேரையும் தொண்டர்னு மாத்திடலாம். டீசன்ட்டா இருக்கும்."

"கரெக்ட்டு மாமே," என்றான் பரத். "எங்க ஏரியால வெட்டின்னா திட்டற வார்த்த."

ஜீரோ ஆக்க முடியாது, அந்த எண்ணால்தான் வகுக்கிறோம் என்று நாகவல்லி சொன்னாள். ஆட்கள் எத்தனை நாள் தாங்குவார்கள் என்பதைப் பொறுமையைத் தேய்மானத்தால் வகுத்துத்தான் கணக்கிட்டிருந்தாள். அந்த நாட்களை வைத்துத்தான் மழையில் கரையின் பலம் தீர்மானமாகும். மிக்ஸி ஓடியது. மிக்ஸி நின்றதும் மறுபடி சொன்னாள். அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஜெகதீஷ் போனை அவள் பக்கம் திருப்பினார். முகப்புப் பக்கம் தயாராக இருந்தது.

உருவாக்கம்: ஜெகதீஷ். ஓவியம்: பரத். உதவி: தன்னார்வலர்கள்.

அவள் அந்தக் கடைசி வரியை இரண்டு முறை படித்தாள். பிறகு தன் பெயர் எங்கே என்று கேட்டாள்.

ஜெகதீஷ் அன்பாகத்தான் பதில் சொன்னார். "நீதான் எதுலயும் முன்னாடி வர மாட்டியே. கூச்சப்படுவன்னுதான் போடல."

நாகவல்லி போனை அவர் பக்கமே திருப்பி வைத்தாள். வழக்கமாக இந்த இடத்தில் "சரிங்கண்ணா" என்பாள். பதினாலு மாதமாக அவள் வாயிலிருந்து வந்ததில் பாதி அந்தச் சொல்தான்.

"கூச்சம் என்னுது," என்றாள். "பேரும் என்னுது. ரெண்டையும் நான் பாத்துக்கறேன், ஜெகதீஷ்."

'அண்ணா' விழுந்துபோனதை அவர் கவனித்தார். பரத்தும் கவனித்தான், ஸ்ட்ராவை வாயிலிருந்து எடுத்துவிட்டான். ஜெகதீஷ் முகம் மாறாமல், பிடிக்கவில்லையென்றால் விடு, அந்த எண்ணை நானே மாற்றிக்கொள்கிறேன் என்றார்.

"வெட்டிய எடுத்தா அது நான் எழுதினது இல்ல. மாத்தாதீங்க."

பாதி சாத்துக்குடி ஜூஸை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள்.

அவர் மாற்றினார். ஞாயிற்றுக்கிழமை மோட் முகப்பில் வந்தது. வெட்டி தொண்டரானது, தேய்மானம் பூஜ்யமானது. பூஜ்யத்தால் எதையும் வகுக்க முடியாது. முதல் ஐப்பசி மழையில் எல்லோருடைய விளையாட்டும் உறைந்தது. மழைக் கோடுகள் அந்தரத்தில் நின்றன, தொண்டர்கள் கூடையைத் தூக்கியபடி நின்றார்கள். திங்கட்கிழமை காலைக்குள் முன்னூறு கேள்விகள் வந்திருந்தன. பதில் சொல்ல யாருமில்லை.

பத்து மணிக்கு ஜெகதீஷ் கூப்பிட்டார். எடுத்தாள். பதற்றமாகப் பேசினார். பழைய எண்ணைப் போட்டால் விளையாட்டு ஓடும், கூடவே பழைய சொல்லையும் போடுங்கள் என்றாள் நாகவல்லி. எண் சரி, சொல் வேண்டாம் என்றார். பதினோரு மணிக்கு மறுபடி கூப்பிட்டார். எண்ணைத் திருப்பிப் போட்டதும் ஆட்கள் மறுபடி ஓடுகிறார்களாம். தொண்டர்கள் ஏன் ஓடுகிறார்கள் என்று இப்போது கேட்கிறார்களாம். ஓடாத மாதிரி புதிய கணக்கு ஒன்று எழுதித் தரச் சொன்னார். அவள் பெயரையும் போட்டுவிடுகிறாராம், கீழே, சின்னதாக. அவள் முடியாது என்று வைத்துவிட்டாள்.

மூன்றாம் முறை போன் அடித்தபோது, வீட்டுக்குப் பின்னால் ராணுவக் கிடங்குத் தண்டவாளத்தில் ஒரு கூட்ஸ் வண்டி, தார்ப்பாய் போர்த்திய டாங்கிகளை இழுத்துக்கொண்டு மெல்லப் போனது. நாகவல்லி அவற்றை எண்ணினாள். பதினெட்டு. எண்ணி முடித்தபோது போன் ஓய்ந்திருந்தது.

உடனே ஒரு செய்தி வந்தது. ஏன் எடுக்கவில்லை, ஏதாவது பிரச்சனையா என்று கேட்டிருந்தார்.

அவள் எழுதினாள்: "இது பிழை அல்ல."

பிறகு தன்னுடைய விதிகளை மட்டும் தனியாக எடுத்துப் புதிய மோடாக ஏற்றினாள். பரத்தின் படங்களைத் தொடவில்லை. யானை வெறும் சதுரம், ஆட்கள் வெறும் புள்ளிகள். புகையை மட்டும் அவளே வரைந்தாள், சாம்பல் நிறத்தில் மூன்று கோடுகள். பெயர்: 'வெட்டி'. அதன் கீழே, பெரிய எழுத்தில்: விதிகள், து. நாகவல்லி, பட்டாபிராம்.

மாலை வரை ஆறு பேர் இறக்கியிருந்தார்கள். ஏழாவதாக வந்தவன் பரத். படங்களையும் எடுத்துக்கொள், ஜெகதீஷ் கேட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தான். அதற்கு அவள் இன்னும் பதில் எழுதவில்லை.

ஷிஃப்ட் முடிந்து வந்த அப்பா செருப்பைக் கழற்றினார். காலையில் உட்கார்ந்திருந்த இடத்திலேயே மகள் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா, இன்னும் வெட்டியாவா கீற?"

"இல்லப்பா. இவ்ளோ நாளா வெட்டியா இருந்தேன். இன்னிக்கிக் காலீலதான் உட்டேன்."

துலுக்கானம் சட்டையைக் கழற்றுவதை நிறுத்தினார். மகள் இத்தனை வார்த்தைகளைச் சேர்ந்தாற்போல் பேசி அவர் கேட்டதில்லை.

"வேல எதுனா கெட்ச்சிதா?"

"இல்ல. வேலய உட்டேன்."

"இல்லாத வேலய எப்பட்றீ உடுவ?"

நாகவல்லி சத்தமாகச் சிரித்தாள். திரையில் முதல் கேள்வி வந்து விழுந்தது: வெட்டி ஆட்கள் ஏன் ஓடிப்போகிறார்கள்? அவள் நாற்காலியைத் திரைக்கு அருகில் நகர்த்திக்கொண்டு, இந்த முறை தன் பெயரில், நீளமாகவே பதில் எழுத ஆரம்பித்தாள்.