மிக்ஸி ஓடும் நேரம்

ஓவன் தட்டு முதலில் சுவரில் மோதியது. அங்கிருந்து ஃப்ரிட்ஜ் கதவில் பட்டுத் தரையில் விழுந்து, தன்னைத்தானே ஒரு சுற்றுச் சுற்றி ஓய்ந்தது. அதில் இருந்த ஃபலாஃபெல் என்னும் கொண்டைக்கடலை உருண்டைகள் மேஜைக்கு அடியிலும் வாசற்படி வரையிலும் சிதறி ஓடின. ஒன்று அவள் பாதத்தின் அருகே வந்து நின்றது. குனிந்து எடுக்கக் கை துடித்தது. ஆனால் குனிந்தால் முதுகைக் காட்ட வேண்டும். புருஷன் இந்தக் குரலில் இருக்கும்போது முதுகைக் காட்டக் கூடாது என்று அவள் உடம்பு எப்போதோ கற்றுக்கொண்டிருந்தது.

“என்னது இது?” என்றான் அவன். “ரெண்டு பேரும் சேர்ந்து செங்கல் சூளை வச்சிருக்கீங்களா?”

மாடி வீட்டில் டிவியின் சத்தம் சட்டென்று கூடியது. அங்கே இருப்பவர் ஓய்வு பெற்ற தபால்காரர், நல்ல மனிதர். இந்த வீட்டில் ஏதாவது உடைந்தால் உடனே ரிமோட்டைக் கையில் எடுத்துவிடுவார். படிக்கட்டில் எதிர்ப்பட்டால் அவள் முகத்தைப் பார்க்காமல் தலையை ஆட்டிவிட்டுப் போவார்.

“டாக்டர் பொரிச்சது கூடாதுன்னு சொன்னாருடா,” என்றாள் அவன் அம்மா, சமையல் மேடையின் ஓரத்தில் நின்றபடி. “உனக்காகத்தானே இவ்வளவும்.”

“எனக்காகவா? நாக்கு இருந்தும் இல்லாத மாதிரிதான் வாழணும்னா என்னை அந்த ஆஸ்பத்திரியிலேயே விட்டுட்டு வந்திருக்கலாமே.”

அவன் வெல்டர். நெஞ்சுவலி வந்து, ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். கொஞ்ச காலம் வேலை வேண்டாம், எண்ணெய் வேண்டாம், கோபம் வேண்டாம் என்று டாக்டர் சொன்னபோது அவனும் பணிவாகத்தான் தலையாட்டினான். முதல் இரண்டையும் பார்த்துக்கொள்ளும் வேலை வீட்டிலிருந்த பெண்கள் தலையில் விழுந்தது. மூன்றாவதை யார் பார்த்துக்கொள்வது என்று டாக்டர் சொல்லவில்லை. பட்டறைக்குப் போய்வந்தவரை அவன் கோபத்தில் பாதியை இரும்பு வாங்கிக்கொண்டது. இப்போது முழுவதும் வீட்டுக்கு வந்தது. அவள் இடது கைச் சுண்டுவிரல் இனி நேராகாது. காதுக்குப் பின்னால் முடி மறைத்திருக்கும் இடத்தில் ஒரு தையல் தழும்பு உண்டு.

பட்டறைக்குப் பக்கத்துக் கடையில் விற்ற ஃபலாஃபெல்லுக்கு அவன் உயிரை விடுவான். கல்யாணமான புதிதில் காகிதத்தில் சுற்றிச் சட்டைக்குள் வைத்து, சூடு ஆறாமல் அவளுக்குக் கொண்டுவந்து தந்திருக்கிறான். மார்பில் எண்ணெய்க் கறை வட்டமாகப் படிந்திருக்கும். அதைக் காட்டிக் காட்டிச் சிரிப்பான். அந்தச் சிரிப்பை அவள் மறந்திருந்தால் எல்லாமே சுலபமாக இருந்திருக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவன் அதைக் கேட்டுப் பிள்ளை மாதிரி அடம்பிடித்ததால்தான், எண்ணெயில் போடாமல் ஓவனில் வைத்துச் செய்ய மாமியாரும் மருமகளும் பழகினார்கள்.

முந்தின நாளே கொண்டைக்கடலையை ஊறப்போடுவார்கள். வேகவைக்கக் கூடாது. ஊறிய பச்சைக் கடலையைத் துணியில் பரப்பி ஈரம் போக ஒற்றி எடுத்து, கொத்தமல்லி, வெங்காயம், பூண்டு, சீரகத்தோடு மிக்ஸியில் போட்டு, விட்டு விட்டு ஓட்ட வேண்டும். ரவை மாதிரி இருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும். கையால் பிடித்தால் பிடிபட வேண்டும், ஆனால் விரலுக்கு இடையில் நெறுநெறுவென்று தெரிய வேண்டும். இதெல்லாம் இருவருக்கும் அத்துபடி. ஆனால் அவர்களுக்கு மிக்ஸியால் வேறொரு உபயோகமும் இருந்தது. அது ஓடும் நேரத்தில்தான் அவர்கள் பேசிக்கொண்டார்கள். அவன் வேலைக்குப் போகாமல் முன்னறையிலேயே கிடந்ததால் வீட்டில் வேறு எங்கும் வாய் திறக்க வழியில்லை. அத்தை மூடியை அழுத்திப் பிடித்துக்கொள்வாள். மருமகள் அருகில் போய்க் காதைக் கொடுப்பாள். தேங்காய்ச் சட்னியோ கடலையோ, எது அரைபட்டாலும் அந்த இரைச்சலுக்குள் இரண்டு வாக்கியம், மூன்று வாக்கியம். நிறுத்தியதும் இருவரும் வெங்காயத்தைப் பற்றிப் பேசுவார்கள்.

அன்று காலையில் மிக்ஸி ரொம்ப நேரம் ஓடியது.

“உங்க அக்கா வீட்டுக்குப் போயிரு,” என்றாள் அத்தை. “நாளைக்கு அவன் செக்கப்புக்குப் போகணும். நான் கூடப் போறேன். நீ இங்கேயிருந்து கிளம்பு.”

“உங்களை என்ன பண்ணுவாரு?”

“பெத்தவளை என்ன பண்ணிடுவான்?”

“அத்தை…”

“அவங்கப்பன்கிட்ட நான் இருந்தேன். போறதுக்கு ஒரு இடம் இருந்திருந்தா நானும் போயிருப்பேன். உனக்கு இருக்கு. போ.”

அவள் அழுதாள். அத்தை மூடியிலிருந்து கையை எடுக்காமல், சுவிட்சையும் தொடாமல், மருமகள் அழுது முடியும் வரை மிக்ஸியை ஓடவிட்டாள். திறந்து பார்த்தபோது கடலை வெண்ணெயாக அரைபட்டிருந்தது. சூடேறித் தண்ணீர் விட்டிருந்தது. “ஓவன்தானே, பொறுத்துக்கும்,” என்று அத்தை அதை வழித்துத் தட்டில் வைத்தாள். ஓவன் பொறுத்துக்கொண்டது. மேலே காய்ந்து வெடித்து, உள்ளே களியாக வந்தது. மீதி மாவு கிண்ணத்தில் இருந்தது.

அந்தக் கிண்ணத்தைத்தான் அவன் இப்போது பார்த்தான்.

“நானே பொரிச்சுக்கறேன். யாரும் எனக்கு ஒண்ணும் புடுங்க வேணாம்.”

அடிகனமான வாணலியை எடுத்து அடுப்பில் வைத்தான். எண்ணெய் டின்னைக் கவிழ்த்தான். பாதி வாணலியோடு நிறுத்தியிருக்க வேண்டும். விளிம்புக்கு ஒரு விரல் கீழே வரை ஊற்றினான். தீயை முழுதாகத் திறந்தான். வெல்டருக்கு நெருப்பு என்றால் பெரிய நெருப்புதான்.

அவள் சொல்லிவிட்டாள். சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று ஒரு கணமும் பிறகு நினைக்கவில்லை. “வேணாங்க. அது ஓவனுக்குன்னு எடுத்த மாவு. எண்ணெயில பிரிஞ்சுரும். பொங்கிரும்.”

அறை காதோடு விழுந்தது. மாடி டிவியில் யாரோ பாடிக்கொண்டிருந்தது ஒரு காதில் மட்டும் நின்றுபோனது.

“எனக்கு நெருப்பைப் பத்திச் சொல்லித்தர்றியா? நீயே போடு. உன் கையாலே போடு.”

அவள் போட்டாள். முதல் உருண்டை உள்ளே போனதும் ஒரு மூச்சு நேரம் எதுவும் ஆகவில்லை. பிறகு அது பூ விரிவது மாதிரி விரிந்து, துகள் துகளாகி, எண்ணெய் முழுக்கப் பச்சை நுரை எழும்பியது. பின்னாளில் டாக்டரும் போலீஸும் அக்காவும் மாறி மாறிக் கேட்டபோது, அவள் இந்த இடத்தை மட்டும் தடுமாறாமல் சொன்னாள். நுரை விளிம்பைத் தொட்டது. அடுப்பின் மேல் வழிந்தது. தீ ஒருமுறை நாக்கை நீட்டி உயர்ந்தது. அவள் எட்டி அடுப்பை அணைத்தாள். தீ போய்விட்டது, ஆனால் எண்ணெய் கொதித்துக்கொண்டே இருந்தது.

அவன் கிண்ணத்துக்குள் விரலை விட்டு மாவை எடுத்தான். கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தான். நெறுநெறுப்பு இல்லை. அவனும் தின்னத் தெரிந்தவன்தான். சத்தம் போடாமல் கேட்டான். அதுதான் பயமாக இருந்தது.

“ஏன் இவ்வளவு நைஸா அரைச்சீங்க?”

அத்தை முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“காலைல படுத்துக்கிட்டே கேட்டேன். மிக்ஸி ஓடுது, ஓடுது, ஓடிக்கிட்டே இருக்கு. கல்யாணத்துக்கா அரைக்கிறீங்க? என்ன பேசுனீங்க?”

“ஒண்ணும் இல்லீங்க.”

அவள் வலது மணிக்கட்டு அவன் பிடிக்குள் போனது. இரும்பைத் தூக்கிப் பிடித்தே பழகிய பிடி. அவளை அடுப்புக்கு இழுத்தான். வாணலியின் ஆவி உள்ளங்கையில் பட்டது. அவள் காலை மேடையின் அடிச்சுவரில் ஊன்றினாள். தரையில் கிடந்த உருண்டை நசுங்கிக் கால் வழுக்கியது.

“என்ன பேசுனீங்க? கை வேணுமா, வேணாமா?”

அவளுக்கு அப்போது நாளை என்பது கண்ணுக்கெதிரே தெரிந்தது. அக்கா வீட்டு வாசல், உள்ளே கொடியில் காயும் துணிகள். சொன்னால் அது போய்விடும். சொல்லாவிட்டால் கை போய்விடும். கையில்லாமலும் பஸ் ஏறலாம் என்று, பைத்தியம் மாதிரி, அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றியது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அத்தை ஒருநாளும் குறுக்கே வந்தவள் இல்லை. அவன் கை ஓங்கினால் கதவுக்குப் பின்னால் போய் நிற்பாள். எல்லாம் முடிந்ததும் வெந்நீரும் துணியும் எடுத்துக்கொண்டு வந்து ஒத்தடம் கொடுப்பாள். அதுதான் அவள் அறிந்த தாய்மை. அவளுடைய மாமியார் அதைக்கூட அவளுக்குச் செய்ததில்லையாம். அப்படிப்பட்டவள் இப்போது மேடையின் ஓரத்திலிருந்து நகர்ந்தாள். மகனின் தோள் உயரம்கூட இல்லாதவள், அவன் முழங்கைக்கு அடியில் நுழைந்து, மருமகளின் கையைத் தன் கையால் கீழிருந்து ஏந்திக்கொண்டாள்.

“நான்தான்டா போகச் சொன்னேன். நாளைக்குப் போறா. நீ அவளைக் கொல்லப்போறே, நான் பாத்துக்கிட்டு நிக்க மாட்டேன்.”

அவன் அம்மாவைப் பார்த்தானா என்று தெரியவில்லை. ‘போறா’ என்ற சொல்லை மட்டும்தான் கேட்டிருக்க வேண்டும். பிடித்திருந்த கையைப் பலமெல்லாம் சேர்த்து அழுத்தினான்.

அடியில் இருந்தது அத்தையின் கை.

அந்த அலறலில் மாடி டிவி நின்றுபோனது. அவன் கையை உதறிக்கொண்டு பின்னால் போனான். “அம்மா,” என்றான். “அம்மா, நீ எதுக்கு… உன்னை யாரு…” அத்தையின் விரல்கள் நான்கும் வெளியே வந்தபோது அவை அவளுடையவை மாதிரி இல்லை. தோல் மேலே இழுபட்டுச் சுருண்டிருந்தது. மருமகள் அவளைக் கட்டித் தூக்கிக் கழுவுதொட்டிக்குக் கொண்டுபோய்க் குழாயைத் திறந்து, கையைத் தண்ணீருக்கு அடியில் பிடித்தாள். தன் நகக்கண்களும் எண்ணெய் பட்டு எரிந்தன. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பின்னால் ஏதோ சரியும் சத்தம் கேட்டது. திரும்பினாள். அவன் ஃப்ரிட்ஜில் முதுகைத் தேய்த்தபடி தரைக்கு இறங்கிக்கொண்டிருந்தான். ஒரு கை நெஞ்சில் இருந்தது. முகம் வியர்த்துச் சாம்பல் நிறமாகியிருந்தது. இது நடிப்பு இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போன அன்றும் இதே நிறம்தான்.

“மாத்திரை,” என்றான். “நாக்குக்கு அடியில… அந்த மாத்திரை.”

மாத்திரை ஃப்ரிட்ஜின் மேல், அவன் தலைக்கு நேர் மேலே, சின்னப் புட்டியில் இருந்தது. அவனால் எழுந்து எடுக்க முடியாது. அவளுக்கு நாலு எட்டு.

அவள் கையை விடுவிக்கப் பார்த்தாள். கை வரவில்லை. அத்தையின் வேகாத கை அவள் மணிக்கட்டைப் பற்றியிருந்தது. கொஞ்சம் முன்னால் மகன் பற்றிய அதே இடத்தில், சிவந்திருந்த அதே தோலின் மேல். மெலிந்த கைதான், இழுத்தால் வந்துவிடும். அவள் இழுக்கவில்லை. அத்தையைப் பார்த்தாள். அத்தை மகனைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே அடுத்த கட்டிடத்தின் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அத்தை, அவருக்கு…”

“தண்ணியை மூடாதே,” என்றாள் அத்தை. “எரியுது. ரொம்ப எரியுது.”

“அம்மா,” என்றான் அவன், கீழேயிருந்து.

மாடியில் காலடி கேட்டது. நாற்காலி நகர்ந்தது. மாடிக் கதவின் தாழ்ப்பாள் திறக்கும் ஓசை வந்தது. பிறகு ஒன்றும் இல்லை. தபால்காரர் வாசலில் நின்றுகொண்டிருப்பார், இறங்கலாமா வேண்டாமா என்று.

தொட்டியின் அடைப்பில் கொத்தமல்லிக் காம்புகள் சிக்கியிருந்தன. தண்ணீர் வடியாமல் ஏறியது. விளிம்பைத் தாண்டி அவள் வயிற்றை நனைத்து, புடவை வழியாக இறங்கித் தரையில் பரவியது. உடைந்த உருண்டைகளைச் சுற்றிப் பச்சையாகக் கலங்கி, கல்லின் சரிவைக் கண்டுபிடித்து, ஃப்ரிட்ஜை நோக்கி மெல்லப் போனது. அவள் மணிக்கட்டில் இருந்த பிடி இறுகவும் இல்லை, தளரவும் இல்லை. தரையில் மல்லாந்து கிடந்தது அவன் கை. தீப்பொறிகள் தெறித்துப் புள்ளி புள்ளியாகக் கறுத்த விரல்கள். தண்ணீர் அந்த விரல்களைத் தொட்டது. அவை அசைந்தன. அவன் அசைத்தானா, தண்ணீர் அசைத்ததா என்று அங்கிருந்து அவளுக்குத் தெரியவில்லை.