தொட்டிச் சுவரில் நீலம்

முதலில் வந்தது நாற்றம். அது அவளுக்கு மட்டும்தான் தெரிந்தது. சிக்கலே அங்கேதான் ஆரம்பித்தது.

போன வருடம் வந்த ஒரு காய்ச்சல் தையல்காரியின் மூக்கை ஐந்து மாதம் முடக்கிப் போட்டுவிட்டது. திரும்பி வந்த மூக்கும் பழைய மூக்காக வரவில்லை. காப்பியில் ரப்பர் கருகியது. சோப்பில் வெங்காயம் அழுகியது. இப்போது எல்லாம் சரியாகிவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். வீட்டில் இருந்த மற்றவர்கள் அப்படி நினைக்கவில்லை. அதனால், "பின்கட்டுல சாக்கடை நாத்தம் அடிக்குது" என்று அவள் சொன்னபோது, ரொட்டித் தொழிற்சாலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கணவன் செருப்பை மாட்டிக்கொண்டே சிரித்தான்.

"உன் மூக்கே இன்னும் ரிப்பேர்ல கெடக்கு. அதை நம்பித் தரையை உடைக்கச் சொல்றியா?"

அவளுக்கும் சந்தேகம்தான். இருந்தாலும் மூக்கு சொல்வதைக் கண்ணும் காதும் ஏன் சொல்ல வேண்டும்? மாடியில் தண்ணீர் ஊற்றினால் கீழே குளியலறை ஓட்டைக்குள் குளுக், குளுக் என்று யாரோ விழுங்குவதுபோலச் சத்தம் கேட்டது. தையல் மெஷின் பக்கத்துச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஈரம் ஏறி, சுண்ணாம்பு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. மழை பெய்து இரண்டு மாதம் ஆகியும், பின்பக்கம் ஒரே ஒரு பட்டையில் மட்டும் புல் கொழுகொழுவென்று நின்றது. அந்தப் பட்டை மாடிக் குழாய் இறங்கும் இடத்தில் தொடங்கி, குடிநீர்த் தொட்டியை உரசிக்கொண்டு தெருவை நோக்கிப் போனது.

தொட்டி தரைக்கடியில் இருந்தது. தெருக்குழாயிலிருந்து வரும் தண்ணீர் அதில் நிரம்பி, மோட்டார் வழியாக மேலே ஏறி இரண்டு வீட்டுக்கும் பாயும். கீழ் வீட்டில் இவளும் கணவனும் ஐந்து வயது மகள் குட்டியும். மாடியில் கணவனின் அண்ணன் குடும்பம். அண்ணன் வெளியூரில் வேலை. மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். மற்ற நாளெல்லாம் மாடியில் ஓரகத்தி ஒருத்திதான். கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து இப்போதுதான் ஏழு மாதக் கர்ப்பம்.

குட்டிக்கு இரண்டு வாரத்தில் இரண்டாவது தடவையாக வயிற்றுப்போக்கு. மாடியில் ஓரகத்தி தினமும் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். மசக்கை என்று எல்லோரும் சொன்னார்கள். ஏழாம் மாதத்தில் என்ன மசக்கை என்று தையல்காரி மனசுக்குள் கேட்டுக்கொண்டாள். வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்கவும் முடியாது. மாடியில் இருக்கும் புதுக் குளியலறை நாலு மாதத்துக்கு முன்னால்தான் கட்டியது. வயிற்றுப்பிள்ளைக்காரி படியிறங்கி வரக்கூடாது என்று அண்ணன் அவசர அவசரமாகக் கட்டினார். அப்போதே ஓரகத்தி ஃபோனில் தன் தங்கையிடம், "கீழ இருக்கிறவளுக்குக் கண்ணு உறுத்துது" என்று சொன்னது ஜன்னல் வழியாக இவள் காதில் விழுந்திருந்தது. இப்போது போய் "உங்க குளியலறையாலதான்" என்று எப்படிச் சொல்வது?

குட்டி மூன்றாவது தடவையும் படுத்த அன்று காலை, தயக்கத்தையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு பிளம்பரைக் கூப்பிட்டாள். நிலைவாசலில் குனிந்து குனிந்தே கூன் விழுந்த உயரக்காரர். எல்லோருக்கும் அவர் நெட்டைதான். அவரே ஃபோனில் "நெட்டை பேசுறேன்" என்றுதான் ஆரம்பிப்பார்.

"நாலு மணிக்கு வரேம்மா. அதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணுங்க. மேல டாய்லெட்ல ஏதாச்சும் சாயத்தக் கரைச்சு ஊத்தி, ரெண்டு மூணு வாளி தண்ணி விடுங்க. அப்புறம் தொட்டியத் தெறந்து பாருங்க. நெறம் வந்தா நம்ம சந்தேகம் சரி. அதுவரைக்கும் யாரும் அந்தத் தண்ணியக் குடிக்க வேணாம்."

பள்ளிச் சட்டைகளை வெளுக்க அவளிடம் சொட்டு நீலம் நிறைய இருந்தது. ஓரகத்தி மாதாந்திரப் பரிசோதனைக்குப் போயிருந்தாள். சாவி வழக்கம்போல மீட்டர் பெட்டிக்கு மேலே. திருடிபோலப் படியேறி, இரண்டு பாட்டில் நீலத்தையும் கவிழ்த்து, ஐந்து வாளி தண்ணீர் விட்டுவிட்டு இறங்கி வந்தாள். தொட்டி மூடியை இழுத்துத் திறந்து, டார்ச்சோடு குப்புறப் படுத்துக்கொண்டாள்.

தொட்டியில் தண்ணீர் விளிம்புவரை நின்றது. அன்றுதான் தெருக்குழாயில் தண்ணீர் வந்திருந்தது. பளிங்குபோலத் தெளிந்திருந்தது. ஒரு மணி நேரம் பார்த்தாள். குட்டி உள்ளேயிருந்து "அம்மா, வயிறு வலிக்குது" என்று முனகும்போதெல்லாம் எழுந்து ஓடிப்போய் வந்தாள். நிறம் வரவேயில்லை. தன் முகம்தான் தண்ணீரில் தெரிந்தது. பைத்தியக்காரியின் முகம்போல இருந்தது.

மூடியைத் தள்ளி மூடும்போது மாடியிலிருந்து குரல் வந்தது. ஓரகத்தி வந்துவிட்டாள். இறங்கி வரும் அவசரத்தில் இவள் பீங்கான் விளிம்பில் தெறித்த நீலத்தைக் கழுவ மறந்திருந்தாள்.

"என்னடி இது? என் பாத்ரூம்ல என்னத்த ஊத்தின?"

"அக்கா, நீலம்தான். குழாய் ஒழுகுதான்னு பார்க்க..."

"நான் இல்லாத நேரத்துல பூட்டைத் தெறந்து பார்க்குற அளவுக்கு வந்துட்டியா? கேட்டா நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?"

"கேட்டிருந்தா விட்டிருப்பீங்களா?"

"விட்டிருக்க மாட்டேன். சரி, ஒழுகுதா? சொல்லு, ஒழுகுதா?"

இவள் டார்ச்சை அணைத்தாள். ஓரகத்தி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். அந்த முகத்தைப் பார்க்கையில் இவளுக்குக் கோபத்தைவிடப் பயம்தான் வந்தது. உதடு வெளிறிக் காய்ந்திருந்தது.

நெட்டை சொன்ன நேரத்துக்கு வந்தார். நடந்ததை அவள் தலைகுனிந்து சொன்னாள். அவர் தொட்டியை எட்டிப் பார்த்தார். புல் பட்டையைக் காலால் அழுத்தினார். செருப்பைச் சுற்றிக் கறுப்பாகத் தண்ணீர் ஊறியது.

"தொட்டி ரொம்பியிருக்கும்போது தெரியாதும்மா. உள்ள இருக்கிற தண்ணி வெளிய தள்ளிட்டே இருக்கும். மட்டம் எறங்கினாத்தான் வெளிய இருக்கிறது உள்ள வரும். முக்காவாசிய எறைச்சு வெளிய விடுங்க."

ஓரகத்தி படியிறங்கி வந்து நின்றாள். "நானும் பார்க்குறேன். ஒண்ணும் இல்லேன்னா இவளை நான் சும்மா விட மாட்டேன்."

மோட்டாருக்குக் குழாய் மாட்டித் தண்ணீரைத் தெருப்பக்கம் திருப்பினார்கள். அரை மணி நேரம் ஓடியது. மட்டம் இடுப்பளவு, முழங்காலளவு என்று இறங்கியது. நெட்டை டார்ச்சை ஓரகத்தியிடமே கொடுத்தார். குனிய முடியாமல், ஒரு நாற்காலியில் உட்கார்ந்து அவள் வெளிச்சத்தை உள்ளே விட்டாள். முதலில் வெறும் ஈரச் சுவர். பிறகு வெளிச்சம் ஓரிடத்தில் நின்றது.

"அது என்ன?"

செங்கல் இணைப்பிலிருந்து விரல் அகலத்துக்கு ஒரு நீலக் கோடு வழிந்து, அடியில் மிச்சமிருந்த தண்ணீரில் புகைபோலக் கரைந்துகொண்டிருந்தது.

தையல்காரி சொன்னது நிஜமாகிவிட்டது. அவள் உள்ளே படுத்திருந்த குட்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

"இத்தனை நாளா நான் இதத்தான் குடிச்சேனா?" என்றாள் ஓரகத்தி மெல்ல.

"காய்ச்சித்தானே குடிச்சீங்க, அக்கா?"

"குடிக்கிறதுக்குக் காய்ச்சினேன். பல்லு வெளக்கினது? பழம் கழுவினது?" கை தானாக வயிற்றின்மேல் போயிற்று. பிறகு நிமிர்ந்து பார்த்தபோது கண் நிறைந்திருந்தது. "டாக்டர்கிட்ட வாந்தியப் பத்தி நான் சொல்லவே இல்லடி. அட்மிட் பண்ணிருவாங்களோன்னு பயந்து மறைச்சிட்டேன். மத்தியானத்துலேர்ந்து பிள்ளை அசையவும் இல்ல."

நெட்டையே தெருமுனைக்கு ஓடி ஆட்டோவைக் கூட்டிக்கொண்டு வந்தார். தையல்காரி ஒரு கையில் குட்டியையும் மறு கையில் ஓரகத்தியையும் பிடித்துக்கொண்டு ஏறினாள். வழியெல்லாம் ஒவ்வொரு மேடு பள்ளத்துக்கும் ஓரகத்தி அவள் மணிக்கட்டை இறுக்கினாள். "ஏதாச்சும் ஆச்சுன்னா..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் விட்டாள். தையல்காரியும் "ஒண்ணும் ஆகாது" என்று சொல்லவில்லை. சொல்ல அவளுக்குத் தைரியம் இல்லை.

நர்ஸ் வயிற்றில் கருவியை வைத்து நகர்த்தினாள். கரகரவென்று இரைச்சல். இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தாள். மறுபடி இரைச்சல். சுவர்க்கடிகாரத்தின் முள்ளைப் பார்க்கக்கூடாது என்று தையல்காரி தரையைப் பார்த்தாள். மூன்றாவது இடத்தில் குதிரை ஓடுவதுபோல டக்டக்கென்று கேட்டது.

"இருக்கு" என்றாள் நர்ஸ். "நீர்ச்சத்து கொறஞ்சு போச்சு, அதான் சோர்ந்து கெடக்கு. எவ்வளவு நாளாம்மா வாந்தி?"

ஓரகத்தி வாயைத் துணியால் பொத்திக்கொண்டு அழுதாள். வயிற்றில் தொற்று இருந்தது. குட்டிக்கும் அதே தொற்று. இரண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் போட்டு மருந்து ஏற்றினார்கள். செய்தி கேட்டு மாவு படிந்த சட்டையோடு ஓடிவந்த கணவன், மனைவியின் முன்னால் நின்று காதைச் சொறிந்தான்.

"மூக்கப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்" என்றாள் அவள். "முதல்ல வீட்டுக்குப் போய் ரெண்டு வீட்டுக்கும் போற தண்ணி வால்வை மூடுங்க. யாரையும் டாய்லெட்டுக்குப் போக விடாதீங்க."

மறுநாள் நெட்டை தோண்டினார். புதுக் குளியலறையின் பிளாஸ்டிக் குழாயைப் பழைய மண் குழாய்க்குள் சொருகி, சிமெண்டை அள்ளி அப்பிவிட்டுப் போயிருந்தார்கள். கட்டுமானத்துக்கு இறக்கிய செங்கல் பாரத்தில் மண் குழாய் நெடுக விரிசல் விட்டிருந்தது. நாலு மாதமும் கழிவில் பாதி தெருவுக்குப் போய்ச் சேரவே இல்லை.

மண் குழாயை முழுசாகப் பிடுங்கி எறிந்து, தொட்டியை விட்டு விலகிப் புதுக் குழாய் போட்டார். நடுவில் திறந்து பார்க்க மூடிபோட்ட குழி ஒன்றும் கட்டினார். நனைந்த மண்ணை வாரிக் கொண்டுபோனார்கள். தொட்டிச் சுவரைச் செதுக்கிப் பூசி, பிளீச்சிங் பவுடர் கரைத்துத் தேய்த்து, நிரப்பி, கொட்டி, மறுபடி நிரப்பிக் கொட்டினார்கள். மேல்தொட்டிக்கும் அதே வைத்தியம். வேலை முடிய ஆன ஒன்பது நாளும் குளிக்கவும் மற்றதற்கும் எதிர்வீட்டுக்குத்தான் போனார்கள். எதிர்வீட்டுக்காரர் தினம் காலையில் கதவைத் திறந்து வைத்துவிட்டு, அவர்கள் போய் வரும்வரை செய்தித்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். யாருக்கும் கூச்சம் வரக்கூடாதாம்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஓரகத்தி மாடிக்குப் போகவில்லை. குட்டியின் கட்டிலில் படுத்துக்கொண்டாள். முதல் நாள் முழுக்கத் தையல் மெஷின் ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சாயங்காலம் சொன்னாள்:

"நான் உன்னை வாய்க்கு வந்தபடி பேசினேன்."

"நானும் கேக்காமப் பூட்டைத் தெறந்தேன்."

"தெறக்காம இருந்திருந்தா?"

தையல்காரி மெஷினை மறுபடி ஓட்டினாள்.

தண்ணீர்ச் சோதனைத் தாள் இரண்டு தடவை வந்தது. முதல் தடவை, இன்னும் கிருமி இருக்கிறது என்றது, மறுபடி கழுவினார்கள். இரண்டாம் தடவை, குடிக்கலாம் என்றது. குட்டி பள்ளிக்கூடம் போனாள். ஒன்பதாம் மாதம் ஓரகத்திக்குப் பெண்குழந்தை பிறந்தது. எடை கொஞ்சம் குறைச்சல், தொண்டை மட்டும் இரண்டு பேருக்கானது.

குழந்தையை வீட்டில் முதல்முதலாகக் குளிப்பாட்டும் அன்று காலை, தையல்காரி கடைக்குப் போய் மூடி முத்திரை போட்ட தண்ணீர் கேன் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். படியேறிப் போனால், மாடியில் அடுப்புக்குப் பக்கத்தில் அதேபோல இரண்டு கேன் ஏற்கெனவே இருந்தது. ஓரகத்தி அவளையும் அவள் கையில் இருந்ததையும் பார்த்தாள்.

"தாள்ல சுத்தம்னுதான் எழுதியிருக்கு" என்றாள்.

"ஆமா அக்கா, நானும் படிச்சேன்."

"அதையும் அப்படி வை. பத்தலேன்னா எடுத்துக்கலாம்."

தையல்காரி கேனை இறக்கி வைத்துவிட்டு, அடுப்பைப் பற்ற வைத்தாள்.